வாகனம் நிழலில், டிஷ் வெளியில்

கேள்வி: அண்ணா, வணக்கம். நாங்கள் வெள்ளவத்தை. பழைய ஹயேஸ் வான் ஒன்றுக்குள் படுக்கை, சின்னக் குசினி எல்லாம் வைத்து மோட்டர் ஹோம் ஆக்கியிருக்கிறோம். அம்மாவுக்கு 74 வயது, இரவு சீரியல் பார்க்காவிட்டால் நித்திரை வராது. அதனால் வீட்டுச் சுவரில் இருந்த டிஷ்ஷையே கழற்றி வானின் கூரையில் பூட்டினேன், ரிசீவரையும் ரீவியையும் வாகனப் பற்றரியில் கொடுத்தேன். நுவரெலியாவுக்குப் போய் நிறுத்தினால் படமே இல்லை. எங்கள் சேவையின் செயற்கைக்கோள் 45 பாகை கிழக்கு என்று இணையத்தில் இருந்தது, கிழக்கே திருப்பி இரண்டு மணி நேரம் தேடினேன். பிறகு பக்கத்தில் நின்ற ஒருவர் வந்து எதிர்ப்பக்கம் திருப்பினார், உடனே வந்தது. ஆனால் ஒன்பது மணிக்குப் பிறகு பாதிச் சனல் போய்விடும், யாராவது வானுக்குள் ஏறினால் படம் கட்டம் கட்டமாக உடையும். ரிசீவர் பழுதா? புதிது வாங்கட்டுமா? கூரையில் இன்னும் இறுக்கிப் பூட்டட்டுமா?
— ஒரு வாசகர், வெள்ளவத்தை

பதில்: தம்பி, ரிசீவர் வாங்கப் போகாதீர்கள், உங்கள் ரிசீவரில் ஒரு பிழையும் இருப்பதாகத் தெரியவில்லை. கூரையில் இன்னும் இறுக்கவும் வேண்டாம். நான் சொல்லப்போவது அதற்கு நேர் எதிரான வேலை: டிஷ்ஷைக் கூரையிலிருந்து இறக்குங்கள்.

முதலில் அந்தக் கிழக்கு விஷயம். உங்களைப் போல எத்தனையோ பேர் இதில் மாட்டிக்கொள்கிறார்கள். 45 பாகை கிழக்கு என்பது டிஷ் பார்க்க வேண்டிய திசை இல்லை, செயற்கைக்கோள் பூமியின் எந்த நெடுங்கோட்டுக்கு மேலே நிற்கிறது என்பதுதான். கொழும்பு ஏறக்குறைய 80 பாகை கிழக்கில் இருக்கிறது. அப்படியென்றால் 45 இல் இருப்பது நமக்கு மேற்கே, சோமாலியாவுக்குப் பக்கத்துக் கடலுக்கு மேலே, மத்தியகோட்டுக்கு நேர் உயரத்தில் 35,786 கிலோமீற்றரில் நிற்கிறது. வெள்ளவத்தை வீட்டில் உங்கள் டிஷ் எந்தப் பக்கம் பார்த்துக்கொண்டிருந்தது என்று நினைத்துப் பாருங்கள். ரயில் பாதைக்கு மேலாகக் கடல் பக்கம்தானே? அதே பக்கம்தான் நுவரெலியாவிலும்.

அந்த உயரத்தில் நிற்கும் பொருள் பூமியோடு சேர்ந்தே சுற்றுவதால் நமக்கு அசையாமல் நிற்பது போலத் தெரியும், அங்கிருந்து உலகம் முழுவதற்கும் செய்தி அனுப்பலாம் என்று 1945 ஒக்டோபரில் ஒரு பிரித்தானிய வானொலிச் சஞ்சிகையில் விளக்கி எழுதியவர் ஆதர் சி. கிளார்க். அவர் பிறகு நம் கொழும்புக்கே வந்து குடியேறி, 2008 இல் இறக்கும்வரை இங்கேதான் வாழ்ந்தார். டிஷ்ஷைத் திருப்பும்போதெல்லாம் எனக்கு அவர் ஞாபகம் வரும், அதனால் சொன்னேன்.

சரி, கணக்குக்கு வருவோம். 45 பாகை கிழக்குச் செயற்கைக்கோளுக்குக் கொழும்பில் டிஷ் பார்க்க வேண்டிய திசை வடக்கிலிருந்து வலஞ்சுழியாக 260 பாகை, அதாவது நேர் மேற்கிலிருந்து கொஞ்சம் தெற்குப் பக்கம். அண்ணாந்து பார்க்க வேண்டிய கோணம் 49 பாகை. யாழ்ப்பாணத்தில் 256, 48. நுவரெலியாவில் 260, 48. கதிர்காமத்தில் 261, 47. பார்த்தீர்களா, நாடு முழுக்கச் சுற்றினாலும் அண்ணாக்கும் கோணம் இரண்டு பாகைக்கு மேல் மாறவே இல்லை. நம் நாடு சின்னது, அது இந்த விஷயத்தில் நமக்கு வசதி. ஒருமுறை டிஷ்ஷின் பின்பக்க அளவுகோலில் 48 ஐ வைத்து இறுக்கிவிட்டால், போகும் இடமெல்லாம் இடம் வலமாகத் திருப்பிப் பிடித்து, கடைசியில் மேல் கீழாக ஒரு சொட்டு அசைத்தால் போதும்.

ஆனால் இதற்கு ஒரு நிபந்தனை இருக்கிறது. டிஷ் நிற்கிற குழாய் செங்குத்தாக நிற்க வேண்டும். குழாய் சாய்ந்தால் அந்த அளவுகோல் சொல்வதெல்லாம் பொய். உங்கள் வான் ஏரிக்கரையோரப் புல்லில் ஒரு சில்லு பள்ளத்தில் நிற்கும், கூரையும் அதோடு சேர்ந்து சாயும், டிஷ்ஷும் சாயும். 60 சென்ரிமீற்றர் டிஷ் மையத்திலிருந்து ஏறக்குறைய ஒன்றரைப் பாகை விலகினாலே கிடைக்கும் சிக்னல் பாதியாகிவிடும். வானுக்குள் ஒரு ஆள் ஏறினால் ஸ்பிரிங் அமுங்கிக் கூரை எவ்வளவு சரிகிறது என்று நீங்களே கண்ணால் பாருங்கள். அம்மா படியில் கால் வைக்கும்போது படம் உடைகிறதென்றால் அது அதுதான், ரிசீவர் இல்லை.

அதைவிடப் பெரிய காரணம் ஒன்று இருக்கிறது. நாங்கள் வாகனத்தை எங்கே நிறுத்துவோம்? மரநிழலில். இந்த வெயிலில் வேறு எங்கே நிறுத்துவது? டிஷ்ஷுக்கோ மேற்கு வானம் திறந்து கிடக்க வேண்டும், ஒரு இலை குறுக்கே வந்தாலும் அதற்குப் பிடிக்காது, ஈர இலை என்றால் சுத்தமாகப் போச்சு. இரண்டுக்கும் ஒரே இடம் ஒத்துவராது. அதனால்தான் முக்காலி. கனமான இரும்பு முக்காலி ஒன்றில் டிஷ்ஷைப் பூட்டி, 15 மீற்றர் கேபிளோடு வெளியில் தனியாக வையுங்கள், வாகனம் நிழலில் நிற்கட்டும். மேற்கே மரமோ கட்டடமோ இருந்தால், அது எவ்வளவு உயரமோ ஏறக்குறைய அவ்வளவு தூரம் தள்ளி வைத்தால் போதும், ஏனென்றால் கோணம் 48 பாகை. 10 மீற்றர் பலா மரமென்றால் 10 மீற்றர். 20 மீற்றர் தென்னையென்றால் 20 மீற்றர். முக்காலியின் காலில் ஒரு மணல் பையையோ தண்ணீர் நிரப்பிய கானையோ கட்டித் தொங்கவிடுங்கள், அறுகம்பேயில் மாலைக் காற்று சும்மா விடாது. கூரையில் போட்ட துளைகளை இப்போதே சிலிக்கனால் அடைத்துவிடுங்கள், அடுத்த பெரிய மழையில் தண்ணீர் இறங்குவது அம்மாவின் படுக்கையில்தான்.

முக்காலியை வைத்ததும் குழாயின் இரண்டு பக்கமும் ரசமட்டம் பிடித்துச் செங்குத்தாக்குங்கள். போனில் திசை பார்க்கும்போது வானிலிருந்தும் முக்காலியிலிருந்தும் நாலைந்து அடி தள்ளி நின்று பாருங்கள், இரும்புக்குப் பக்கத்தில் போன் காட்டும் திசையை நம்ப முடியாது. ரிசீவரின் மெனுவில் இரண்டு கோடுகள் வரும், ஒன்று சிக்னலின் பலம், மற்றது தரம். பலம் என்பதை நம்பாதீர்கள். டிஷ் வெறும் வானத்தைப் பார்த்தாலும், அதன் முன்னால் நீட்டிய கையில் இருந்து சிக்னலை வாங்கும் எல்.என்.பி. என்ற கருவியின் சொந்த இரைச்சலுக்கே அது ஏறி நிற்கும். தரம்தான் முக்கியம், சரியான செயற்கைக்கோளைப் பிடித்தால் மட்டும் அது எழும்பும். விரல் அகலம் திருப்புங்கள், மூன்று எண்ணும்வரை பொறுங்கள், பிறகு அடுத்த விரல் அகலம். ரிசீவர் சிக்னலைப் பிடிக்க ஒன்றிரண்டு நொடி எடுக்கும். அவசரப்பட்டுத் திருப்பிக்கொண்டே போகிறவர்கள் அந்த இடத்தைத் தாண்டிப் போய்விட்டு இல்லை இல்லை என்று அடுத்த சுற்றுச் சுற்றுகிறார்கள். இரண்டு மணி நேரம் அப்படித்தான் போகும்.

எல்.என்.பி.யைக் கழற்றியிருந்தால் அதை நேராகக் குத்திப் பூட்டினீர்களா என்று பாருங்கள். செயற்கைக்கோள் அனுப்பும் அலைகளில் ஒருவகை நின்றபடி வரும், மற்றது கிடந்தபடி வரும். நாங்கள் மத்தியகோட்டுக்குக் கிட்ட இருக்கிறோம், செயற்கைக்கோளோ தூர மேற்கில் இருக்கிறது, அதனால் கொழும்புக்கு அந்த அலை ஏறக்குறைய 78 பாகை சரிந்து வந்து சேரும், யாழ்ப்பாணத்துக்கு 73, 74. எல்.என்.பி.யும் அதே அளவு திரும்பியிருக்க வேண்டும். வீட்டில் டிஷ் பூட்ட வந்தவர் அதைச் சரியாகத்தான் திருப்பி வைத்திருப்பார். கழற்றுவதற்கு முன்னால் எல்.என்.பி.யின் கழுத்திலும் அதைப் பிடிக்கும் வளையத்திலும் சேர்த்து நகப்பூச்சால் ஒரு கோடு கீறி வைப்பது நல்லது. நான் என்னுடையதில் சிவப்புக் கோடு கீறியிருக்கிறேன், டோர்ச் வெளிச்சத்திலும் தெரியும்.

இப்போது ஒன்பது மணிக்குக் காணாமல் போகும் பாதிச் சனல். எல்.என்.பி.க்கு மின்சாரம் போவது அதே கேபிள் வழியாகத்தான், கொடுப்பது ரிசீவர். ஒருவகை அலைக்கு 13 வோல்ட், மற்ற வகைக்கு 18 வோல்ட், அதை வைத்துத்தான் எதைப் பிடிப்பது என்று எல்.என்.பி. தெரிந்துகொள்கிறது. இரவில் பற்றரி இறங்கினால் ரிசீவரால் 18 ஐ நிமிர்த்திப் பிடிக்க முடியாமல் போகலாம், அப்போது அந்தப் பாதிச் சனல்கள் மட்டும் போகும், மற்றப் பாதி நன்றாக ஓடும். உங்களுக்கு இதுதான் நடக்கிறது என்று நினைக்கிறேன், ஏனென்றால் முன்னிரவில் எல்லாம் வருகிறது. பற்றரியிலிருந்து எந்த வயர் போட்டீர்கள் என்று எழுதவில்லை. 0.75 சதுர மில்லிமீற்றர் மெல்லிய வயரில் 5 மீற்றர் தூரம் ரீவியும் ரிசீவரும் சேர்ந்து 4 அம்பியர் இழுத்தால், போய்வரும் வழியிலேயே கிட்டத்தட்ட 1 வோல்ட் தொலைந்துவிடும். 2.5 சதுர மில்லிமீற்றர் வயர் போட்டால் அது கால் வோல்ட்டுக்குக் கொஞ்சம் மேலே, அவ்வளவுதான். முதலில் வயரை மாற்றுங்கள். பற்றரிப் பக்கமே பியூஸ் வையுங்கள். ரிசீவரின் அடியில் 12 வோல்ட் என்று எழுதியிருந்தாலும் நேரே பற்றரியில் கொடுக்காதீர்கள், எஞ்சின் ஓடும்போது 14 வோல்ட்டுக்கு மேல் ஏறும், நிறுத்தி வைத்தால் 12 க்குக் கீழே இறங்கும். உள்ளே எது வந்தாலும் வெளியே 12 வோல்ட் மட்டும் கொடுக்கும் சின்னக் கன்வேர்ட்டர் ஒன்றை நடுவில் போடுங்கள். எஞ்சினை ஸ்டார்ட் பண்ணும் பற்றரியில் ரீவி பார்க்கவே வேண்டாம், காலையில் தள்ள வேண்டிவரும். தனியாக 100 அம்பியர் மணிப் பற்றரி ஒன்று இருந்தால், சின்ன ரீவியும் ரிசீவரும் சேர்ந்து 40 வோட் என்று வைத்தாலும் நாலு மணி நேரத்துக்கு அதில் ஏழில் ஒரு பங்குகூடப் போகாது.

இன்னுமொன்று, கேபிள் முனை. சில வருடங்களுக்கு முன் கதிர்காமம் போகும் வழியில் திஸ்ஸ வாவிக் கரையில் நிறுத்தி, எல்லாம் சரியாக வைத்தும் எனக்கும் படம் வரவில்லை. திசை, கோணம், பற்றரி எல்லாவற்றையும் திரும்பத் திரும்பப் பார்த்துக் களைத்துப்போய், கடைசியில் அந்த எஃப் கனெக்டரைக் கழற்றிக் கண்ணுக்குக் கிட்டப் பிடித்தேன். வெளிப் பின்னலில் இருந்து தலைமயிரளவு கம்பி ஒன்று வளைந்து நடுச் செப்புக் கம்பியைத் தொட்டுக்கொண்டிருந்தது. அவ்வளவுதான். ரிசீவர் தன்னைக் காப்பாற்றிக்கொள்ள எல்.என்.பி.க்குப் போகும் மின்சாரத்தை நிறுத்தி வைத்திருந்தது. நகத்தால் எடுத்துவிட்டுப் பூட்டினேன், வந்தது. வெள்ளவத்தைக் கடற்காற்றில் சுவரில் கிடந்த கனெக்டர் உங்களுடையது. உள்ளே பச்சைக் களிம்பு பிடித்திருந்தால் துடைத்துக்கொண்டிருக்காமல் வெட்டி எறிந்துவிட்டுப் புதிதாகப் போடுங்கள். நடுக் கம்பி கனெக்டரின் விளிம்பைத் தாண்டி இரண்டு மூன்று மில்லிமீற்றர் நீட்டிக்கொண்டிருந்தால் போதும். கேபிள் ஆர்.ஜி. 6 ஆக இருக்கட்டும்.

கேள்வி: லண்டனில் இருக்கும் மச்சான் தன்னுடைய மோட்டர் ஹோமில் இருந்த, பொத்தானை அமுக்கினால் தானாகவே தேடிப் பிடிக்கும் டோம் அன்டெனாவை அனுப்புகிறேன் என்கிறார். எடுக்கலாமா?
— ஒரு வாசகி, வத்தளை

பதில்: வேண்டாம் என்று அன்போடு சொல்லிவிடுங்கள் தங்கச்சி. அது தேடுவது 28.2 பாகை கிழக்கில் நிற்கும் ஐரோப்பிய செயற்கைக்கோள்களை, அவற்றின் அலைகள் இலங்கைக்கு வருவதில்லை. லண்டனில் டிஷ் 25 பாகைதான் அண்ணாந்து பார்க்கும், தரையோடு சேர்ந்து பார்ப்பது போல. இங்கே 45 பாகை கிழக்குக்கே 49 வேண்டும், 83 பாகை கிழக்கில் நிற்கும் இந்தியச் செயற்கைக்கோளென்றால் கொழும்பில் 81, கிட்டத்தட்ட உச்சந்தலைக்கு மேலே. அவ்வளவு நிமிர அந்த டோமுக்குள் இருக்கும் தட்டுக்கு இடம் இருக்குமா, இங்குள்ள செயற்கைக்கோள்களைப் புதிதாக அதன் பட்டியலில் ஏற்ற முடியுமா என்று செய்த நிறுவனத்திடம் மொடல் இலக்கத்தைக் கொடுத்து மச்சானையே கேட்கச் சொல்லுங்கள். இரண்டுக்கும் ஆமென்று எழுத்தில் பதில் வந்தால் மட்டும் அனுப்பும் செலவைப் பற்றி யோசியுங்கள். மழைக்காலமும் இருக்கிறது, டோமுக்குள் இருக்கும் தட்டு சின்னது, பெருமழையில் முதலில் விழுவது சின்னத் தட்டுதான்.

கேள்வி: ஒரு டிஷ்ஷிலிருந்து வாகனத்துக்குள் ஒன்று, வெளியே கூடாரத்தில் ஒன்று என்று இரண்டு ரிசீவருக்குப் பிரித்தேன். ஒன்றில் சனல் மாற்றினால் மற்றதில் படம் போகிறது. ஏன்?
— ஒரு வாசகர், மட்டக்குளி

பதில்: ஒன்று 18 வோல்ட் கேட்கிறது, மற்றது 13 கேட்கிறது, பாவம் ஒரே எல்.என்.பி. என்ன செய்யும்? பிரிப்பானால் இது சரிவராது. இரட்டை வெளியீடு உள்ள எல்.என்.பி. வாங்கி, ஒவ்வொரு ரிசீவருக்கும் தனிக் கேபிள் இழுங்கள். கூடாரத்தில் ரீவி வைத்திருக்கிறீர்கள் என்பதால் ஒன்று சொல்ல வேண்டும். மார்ச், ஏப்ரலிலும் ஒக்டோபர், நவம்பரிலும் பின்னேரத்தில் இடி முழங்கத் தொடங்கினால் படம் நன்றாக வந்துகொண்டிருந்தாலும் இரண்டு கேபிளையும் ரிசீவரிலிருந்து கழற்றி வெளியே போட்டுவிடுங்கள், பிள்ளைகளை முக்காலிக்குப் பக்கத்தில் நிற்க விடாதீர்கள்.