புள்ளிக்குப் பின்னால் யார்?

வணக்கம் ஐயா,

விண்மீன்கள் பிறக்கும் மேகங்களைப் பற்றி எழுதியிருந்தீர்கள். எக்ஸ்-கதிர் தொலைநோக்கி மேகத்தை ஊடுருவிப் பார்த்துவிடுகிறது என்றால், அதே இடத்தை அகச்சிவப்பில் மறுபடி படம் எடுப்பது எதற்கு?

ம., அல்சூர், பெங்களூரு

அன்புள்ள ம.,

நான் விளக்காமல் தாண்டிப்போன இடத்தைச் சரியாகப் பிடித்துவிட்டீர்கள்.

எக்ஸ்-கதிர்ப் படத்தில் கிடைப்பது வெறும் புள்ளி. மங்கலானவற்றில் மொத்தமே பத்துப் பதினைந்து ஃபோட்டான்கள்தான் (ஒளித்துகள்கள்) இருக்கும். அது மேகத்துக்குள் பிறந்த இளம் விண்மீனாக இருக்கலாம். மேகத்துக்கு முன்னால் நிற்கும் வேறொரு விண்மீனாக இருக்கலாம். மேகத்தையும் தாண்டி, கோடிக்கணக்கான ஒளியாண்டுகளுக்கு அப்பால் ஏதோ ஒரு கேலக்ஸியின் நடுவிலுள்ள கருந்துளையாகக்கூட இருக்கலாம். ஆற்றல் மிகுந்த எக்ஸ்-கதிரை மேகம் அவ்வளவாகத் தடுப்பதில்லை என்பதால் எல்லாம் ஒரே படத்தில் வந்து விழுகின்றன.

சாதாரண ஒளியில் தேடிப் பயனில்லை. கேட்டை நட்சத்திரத்துக்கு அருகே, சுமார் 450 ஒளியாண்டுத் தொலைவில் ரோ ஒபியூக்கி மேகம் இருக்கிறது. அதில் தூசி அடர்ந்த பகுதிகளில் கண்ணுக்குத் தெரியும் ஒளி பத்துக் கோடியில் ஒரு பங்காகச் சுருங்கிவிடும். அதே தூசியைக் கடந்து 2.2 மைக்ரான் அலைநீள அகச்சிவப்பு ஏறத்தாழ எட்டில் ஒரு பங்கு வெளியே வந்துவிடுகிறது. அந்தப் படத்தில் புள்ளியின் இடத்தில் நிற்பது யார் என்று பார்க்கிறார்கள். 1.2, 1.6, 2.2 மைக்ரான் மூன்றிலும் வெளிச்சத்தை அளந்து ஒப்பிட்டால், அது தூசியால் மட்டும் சிவந்த விண்மீனா, தன்னைச் சுற்றிச் சூடான தூசித் தட்டு உள்ள இளம் விண்மீனா என்பது பெரும்பாலும் பிடிபடும்.

பழைய எக்ஸ்-கதிர்ச் செயற்கைக்கோள்கள் காட்டிய இடம் துல்லியமில்லை. ஒரு புள்ளிக்குள் பல விண்மீன்கள் அடங்கின. 1999இல் ஏவப்பட்ட சந்திரா என்ற எக்ஸ்-கதிர் விண்வெளித் தொலைநோக்கி அதை அரை ஆர்க் விநாடி (ஆர்க் விநாடி என்பது ஒரு பாகையின் 3,600இல் ஒரு பங்கு) அளவுக்குக் கூர்மையாக்கியது. 2003 ஜனவரியில் அது விண்மீன்கள் பிறக்கும் ஓரியன் நெபுலாவை ஏறக்குறைய 13 நாள் நோக்கி, 1,600க்கு மேற்பட்ட புள்ளிகளைக் கண்டது.

அகச்சிவப்பு மட்டும் போதாதா என்று நீங்கள் கேட்டிருந்தாலும் போதாது என்றுதான் சொல்வேன். எனக்கு மிகவும் பிடித்த பகுதி இது. சில பத்து லட்சம் ஆண்டுகளில் இளம் விண்மீன் தன் தட்டை இழந்துவிடுகிறது. பிறகு அகச்சிவப்பில் அது பின்னணியிலுள்ள கிழட்டு விண்மீன்களோடு கலந்துவிடும். ஆனால் அதன் காந்தப்புலக் கொந்தளிப்பு அடங்கியிருக்காது. இன்றைய சூரியனைவிட ஆயிரம் மடங்குக்கும் மேல் எக்ஸ்-கதிரைக் கொட்டும். அதை வைத்துத்தான் அந்தக் கூட்டத்திலிருந்து அதைப் பிரித்தெடுக்கிறோம்.

இந்த வேலை உங்களுக்கு ரொம்ப தூரமில்லை. அல்சூரிலிருந்து பழைய மெட்ராஸ் சாலையில் கிழக்கே போனால் ஹொசகோட்டே. லடாக்கின் ஹன்லேயில் 4,500 மீட்டர் உயரத்தில் நிற்கும் 2 மீட்டர் தொலைநோக்கியை அங்கிருந்துதான் இயக்குகிறார்கள். மும்பை டாட்டா ஆராய்ச்சி நிறுவனம் அதற்கு ஓர் அகச்சிவப்புக் கருவியும் செய்து கொடுத்தது. சந்திராவைப் போலவே அந்தத் தொலைநோக்கிக்கும் நம் வானியற்பியலாளர் சுப்பிரமணியன் சந்திரசேகரின் பெயர்தான்.

ஜூனில் மழை விட்ட இரவில் தெற்கே சிவப்பாகக் கேட்டை தெரியும். அதற்குச் சற்று வடக்கே பாருங்கள். கண்ணுக்கு ஒன்றும் தெரியாது. மேகம் அங்கேதான் இருக்கிறது.