நாகர்கோவில் ஓரத்தில் ஒரு படுக்கையறை வீடு: கேள்வி பதில்

வாடகைப் பத்திரமும் ஒத்திப் பத்திரமும் எழுதிக் கொடுப்பது என் தொழில். ஒத்தி என்றால், மொத்தமாக ஒரு தொகையைக் கொடுத்து வாடகை இல்லாமல் குடியிருந்து, கெடு முடிந்ததும் அந்தப் பணத்தைத் திரும்ப வாங்கிக்கொள்வது. வீடு தேடுபவர்கள் கேட்டவற்றுக்கு இங்கே பதில் சொல்கிறேன்.

ஆசாரிபள்ளம் மருத்துவக் கல்லூரியில் செவிலியராகச் சேரப் போகிறேன். தனி ஆள். எங்கே தேடலாம்?

இரவுப் பணி இருக்கும், அதனால் ஆசாரிபள்ளத்திலேயே முதலில் பாருங்கம்மா. கிடைக்காவிட்டால் பார்வதிபுரம் பக்கம் வாருங்கள். இங்கெல்லாம் அடுக்குமாடியை விட, வீட்டுக்காரர் கீழே இருந்துகொண்டு மாடியை வாடகைக்கு விடுவதுதான் அதிகம். கீழே ஒரு குடும்பம் இருப்பது உங்களுக்கு நல்லது. மாடிப்படி வெளியே தனியாக இருக்கிறதா என்று மட்டும் பாருங்கள்.

நம் மாவட்டத்துக்கு இரண்டு மழை. ஜூனில் ஒன்று, அக்டோபரில் இன்னொன்று. வெயில் நாளில் பார்த்தால் எல்லா வீடும் நன்றாகத்தான் இருக்கும். சுவரில் முழங்கால் உயரத்துக்கு மட்டும் புது பெயின்ட் அடித்திருந்தால் அங்கே ஓதம், அதாவது ஈரக் கசிவு, இருக்கிறது. வயலை நிரப்பிப் போட்ட மனை என்றால், 2021 நவம்பர் மழையில் தெருவில் தண்ணீர் நின்றதா என்று பக்கத்துக் கடையில் விசாரியுங்கள்.

பத்து மாத வாடகையை அட்வான்ஸ் கேட்கிறார்கள். சரியா?

தமிழ்நாட்டின் 2017ஆம் ஆண்டு வாடகைச் சட்டம் 2019 பிப்ரவரியில் நடைமுறைக்கு வந்தது. அதன்படி மூன்று மாத வாடகைக்கு மேல் வாங்கக் கூடாது. ஆனால் இரு தரப்பும் வேறு மாதிரி எழுதிக்கொண்டால் அது செல்லும், அந்த வழியாகத்தான் பத்து மாதம் கேட்கிறார்கள். அதனால் பேரத்தைக் கையெழுத்துக்கு முன்பே முடியுங்கள். காலி செய்தால், நீங்கள் தர வேண்டியதைக் கழித்துக்கொண்டு மீதியை ஒரு மாதத்துக்குள் திருப்பித் தர வேண்டும்.

கோணம் பகுதியில் வாடகை எவ்வளவு இருக்கும்?

தெருவுக்குத் தெரு மாறும். நேரில் போய் நாலு வீடு பாருங்கள்.

வாடகையே வேண்டாம், ஐந்து லட்சம் கொடுத்தால் இரண்டு வருடம் ஒத்திக்குத் தருகிறேன் என்கிறார் ஒருவர். முத்திரைத்தாளில் எழுதினால் போதும் என்கிறார்.

போதாது. வீட்டை ஈடாக வைத்து நூறு ரூபாய்க்கு மேல் வாங்கினாலே பத்திரத்தைப் பதிவு செய்ய வேண்டும், சொத்து மாற்றுச் சட்டம் அப்படித்தான் சொல்கிறது. முதலில் வில்லங்கம் பாருங்கள், அதாவது அந்த வீட்டின் மேல் ஏற்கெனவே அடமானம் ஏதும் பதிவாகியிருக்கிறதா என்று. பதிவுத்துறை இணையதளத்தில் இலவசமாகவே பார்க்கலாம். அப்புறம் மூலப்பத்திரத்தைக் கண்ணால் காட்டச் சொல்லுங்கள். 'பேங்கில் இருக்கிறது' என்று பதில் வந்தால் அந்த வீட்டின் மேல் கடன் இருக்கிறது. தவணை தவறினால், 2002ஆம் ஆண்டுச் சட்டப்படி பேங்க் வழக்குப் போடாமலே வீட்டைக் கைப்பற்ற முடியும். முத்திரைத்தாளோடு நிற்கும் உங்களுக்கு அதன்பிறகுதான் அலைச்சல்.

தக்கலையில் தலைமுறையாக ஒத்தியில்தான் இருக்கிறோம். ஏன் பயமுறுத்துகிறீர்கள்?

உங்கள் வீட்டுக்காரரை உங்களுக்கு மூன்று தலைமுறையாகத் தெரியும் அண்ணே. கேட்டவர் வெளியூரிலிருந்து வருகிறார், அவருக்கு யாரையும் தெரியாது. ஒத்தியே தப்பு என்று நான் சொல்லவில்லை. பதிவு செய்து, வில்லங்கம் பார்த்து எழுதிய ஒத்தியை நானே எத்தனையோ பேருக்கு எழுதிக் கொடுத்திருக்கிறேன்.

வாடகை கொடுத்தால் போனது போனதுதான். ஒத்திப் பணம் முழுசாகத் திரும்புமே?

திரும்பினால் லாபம்தான். கணக்கைப் பாருங்கள்: ஐந்து லட்சத்தை ஆறு சதவீத வட்டிக்குப் போட்டால் மாதம் 2,500 ரூபாய். அந்த வீட்டின் வாடகை அதைவிடக் கூடுதல் என்றால் கணக்கில் ஒத்திதான் ஜெயிக்கும். ஆனால் கெடு முடியும்போது வீட்டுக்காரர் கையில் ஐந்து லட்சம் இருக்க வேண்டுமே! பலர் 'அடுத்த ஒத்திக்காரர் வரட்டும், வாங்கித் தருகிறேன்' என்பார்கள். ஆள் வரும்வரை நீங்கள் வீட்டையும் விட முடியாது, பணத்தையும் பார்க்க முடியாது. கல்யாணத்துக்கும் படிப்புக்கும் ஒதுக்கிய பணத்தை இதில் போடாதீர்கள். போடுவதென்றால் பதிவு செய்துவிட்டுப் போடுங்கள்.

கரண்டுக்கு வீட்டுக்காரரே சப் மீட்டர் வைத்து யூனிட்டுக்குக் காசு வாங்குகிறார்கள்.

தனி இணைப்பு உள்ள வீடாகப் பாருங்கள். இரண்டு மாதத்துக்கு 100 யூனிட் இலவசம் உங்களுக்கே கிடைக்கும். ஒரே மீட்டரில் இரண்டு குடும்பம் ஓட்டி 500 யூனிட்டைத் தாண்டினால் கட்டணம் ஏறிவிடும்.

சுங்கான்கடையில் வாடகை எவ்வளவு?

மேலே சொல்லிவிட்டேன்.

வடசேரியில் ஒத்திக்கு ஒரு வீடு வந்திருக்கிறது, எடுக்கலாமா?

வில்லங்கம் பார்த்தீர்களா? பார்த்துவிட்டுக் கேளுங்கள்.

இணையத்தில் படம் பார்த்தேன். உரிமையாளர் ராணுவத்தில் வெளியூரில் இருக்கிறாராம். டோக்கன் முன்பணம் அனுப்பினால் சாவியைக் கூரியரில் அனுப்புவாராம்.

ஒரு ரூபாய்கூட அனுப்பாதீர்கள். இந்தக் கதை ஊர் ஊராக ஓடுகிறது. வீட்டுக்குள் நின்று பார்க்காமல், வரி ரசீதில் உரிமையாளர் பெயரைப் படிக்காமல் யாருக்கும் பணம் போகக் கூடாது. ஏற்கெனவே அனுப்பியிருந்தால் இதைப் படிப்பதை நிறுத்திவிட்டு இப்போதே சைபர் குற்ற உதவி எண் 1930க்கு அழையுங்கள்.