செத்த மீனும் சிவப்புத் திட்டும்

வணக்கம் ஐயா,

நரம்பு மண்டலம் பற்றி நீங்கள் எழுதுவதை விடாமல் வாசித்து வருகிறேன். சென்ற வாரம் ஒரு கூட்டத்துக்குப் போயிருந்தேன். பேச்சாளர் திரையில் ஒரு மூளைப் படத்தைப் போட்டார். சாம்பல் நிற மூளை, நடுவில் சிவப்பாக ஒரு திட்டு. "காதல் என்று நாம் கொண்டாடுவதெல்லாம் இந்த இடத்தில் நடக்கும் ரசாயனக் கூத்து, அவ்வளவுதான்" என்றார். அரங்கமே கைதட்டியது. எனக்கு மட்டும் ஏதோ இடித்தது. என்ன இடித்தது என்று சொல்லத் தெரியவில்லை. படம் கண்ணெதிரே இருக்கும்போது எப்படி மறுப்பது?

நாம் மூளையில் பத்து சதவீதத்தைத்தான் பயன்படுத்துகிறோம் என்றும் சொன்னார். நான் மென்பொருள் துறையில் இருப்பவன். ஒரு அமைப்பின் முழு வரைபடமும் கையில் இருந்தால் அது என்ன செய்யும் என்று சொல்லிவிடலாம் என்பது என் நம்பிக்கை. மூளையின் முழு வரைபடம் வந்துவிட்டால் மனதைப் படித்துவிடலாமா?

கடைசியாக ஒரு சின்ன ஆசை. எந்தக் கருவியும் இல்லாமல் என் நரம்புகள் வேலை செய்வதை நானே பார்க்க வழி உண்டா?

அன்புடன்,
ம.

அன்புள்ள ம.,

உங்களுக்கு இடித்ததில் நியாயம் இருக்கிறது. அந்தச் சிவப்புத் திட்டு எங்கிருந்து வருகிறது என்று முதலில் சொல்லிவிடுகிறேன்.

எம்.ஆர்.ஐ. கருவிக்குள் ஆளைப் படுக்கவைத்து, படம் காட்டி, கேள்வி கேட்டு மூளையைப் பார்க்கிறார்களே, அந்தக் கருவியின் கண்ணுக்கு நரம்பணு, அதாவது நரம்பு செல், தெரியாது. அது பார்ப்பது ரத்தத்தை. ஆக்சிஜனை இறக்கிவிட்ட ஹீமோகுளோபின் காந்தப்புலத்தைக் கொஞ்சம் குலைக்கும். ஆக்சிஜனைச் சுமந்திருக்கும்போது குலைக்காது. மூளையின் ஒரு பகுதி மும்முரமாக வேலை செய்தால் அங்கே தேவைக்கு மேலேயே புது ரத்தம் பாயும், சிக்னல் லேசாக உயரும். 1990இல் செய்ஜி ஒகாவா எலிகளின் மூளையில் இதைக் காட்டினார். அந்த 'லேசாக' பெரும்பாலும் சில சதவீதத்தைத் தாண்டாது. நரம்பணுவின் ஒரு மின்துடிப்பு ஆயிரத்தில் ஒரு வினாடியில் முடிந்துபோகும். ரத்தம் உச்சத்துக்கு வர ஏறத்தாழ ஐந்து வினாடி ஆகும். படத்தில் ஒரு சின்னக் கட்டமாகத் தெரிவதற்குள் லட்சக்கணக்கான நரம்பணுக்கள் இருக்கின்றன. வீட்டு வாசலில் ஓடும் மின்சார மீட்டரைப் பார்த்து, உள்ளே இருப்பவர்கள் என்ன பேசிக்கொள்கிறார்கள் என்று சொல்வது போன்ற வேலை இது.

(ரத்தத்தை வைத்து எண்ணத்தைப் பிடிக்கும் ஆசை பழையது. 1880களில் ஆஞ்செலோ மொஸ்ஸோ என்ற இத்தாலியர் ஒரு பலகையைத் தராசு போல நடுவில் தாங்கவைத்து, அதில் ஆளைப் படுக்கவைத்து யோசிக்கச் சொன்னார். யோசித்தால் தலைப்பக்கம் தாழும் என்பது அவர் கணக்கு.)

இப்போது சிவப்புக்கு வருகிறேன். காதலியின் படத்தைப் பார்த்தபோது வந்த சிக்னலிலிருந்து, தோழியின் படத்தைப் பார்த்தபோது வந்ததைக் கழிப்பார்கள். மிச்சம் நிற்கும் வித்தியாசம் தற்செயலாக வந்திருக்குமா என்று ஒவ்வொரு கட்டத்துக்கும் புள்ளியியல் கணக்குப் போடுவார்கள். தேறிய கட்டத்துக்குச் சிவப்பு அடிப்பார்கள். சாம்பலாக விடப்பட்ட இடங்கள் தூங்கிக்கொண்டிருந்தன என்று நினைத்துவிடக் கூடாது. இரண்டு முறையும் ஒரே அளவு உழைத்திருந்தாலும் அவை சாம்பலாகத்தான் தெரியும்.

கணக்கில் கோட்டைவிட்டால் என்ன ஆகும் என்பதற்கு ஒரு மீன் சாட்சி. 2009இல் கிரெய்க் பென்னட்டும் அவரது சகாக்களும் ஒரு சால்மன் மீனைக் கருவிக்குள் வைத்தார்கள். மனிதர்கள் பழகும் காட்சிகளைக் காட்டி, 'இவர் இப்போது என்ன உணர்கிறார்?' என்று அதனிடம் கேட்டார்கள். மீனின் மூளையில் சில கட்டங்கள் ஒளிர்ந்தன. மீன் செத்துப்போயிருந்தது என்பதுதான் விஷயம். ஒரு லட்சம் கட்டங்களைச் சோதித்தால் சில நூறு, சில ஆயிரம் கட்டங்கள் வெறும் அதிர்ஷ்டத்தாலேயே தேறிவிடும். அதற்கான திருத்தத்தைச் செய்ததும் மீனின் 'உணர்ச்சி' மறைந்துபோனது. 2012இல் இதற்கு இக்நோபல் பரிசு கொடுத்தார்கள். சிரிக்கவைக்கத் தரும் பரிசுதான், ஆனால் அந்த மீனுக்குப் பிறகு திருத்தம் செய்யாமல் கட்டுரை அனுப்ப ஆராய்ச்சியாளர்கள் கூசினார்கள்.

உங்கள் பேச்சாளர் காட்டியது ஒழுங்காகக் கணக்குப் போட்ட படம் என்றே வைத்துக்கொள்வோம். அப்போதும் அவர் சொன்னது தேறாது. மூளையின் ஓர் இடம் ஒரே வேலையைச் செய்துகொண்டு உட்கார்ந்திருப்பதில்லை. இன்சுலா என்ற பகுதியை எடுத்துக்கொள்ளுங்கள். அருவருப்பில் ஒளிரும், வலியில் ஒளிரும், சொந்த இதயத்துடிப்பைக் கவனிக்கும்போது ஒளிரும், காதலிலும் ஒளிரும். 'காதலிக்கும்போது இது ஒளிர்ந்தது' என்பது ஒரு தகவல். 'இது ஒளிர்கிறது, ஆகவே காதல்' என்பது தாவல். கைதட்டு விழுந்தது அந்தத் தாவலுக்கு.

கண்ணெதிரே இருக்கும் படத்தை எப்படி மறுப்பது என்று கேட்டிருந்தீர்கள். இந்தத் துறையின் முதல் பெரிய சண்டையே அதில்தான் நடந்தது. 1873இல் கமில்லோ கோல்ஜி, மிலானுக்கு அருகே ஒரு மருத்துவமனையின் சமையலறையில், மூளைத் துண்டை வெள்ளி உப்பில் ஊறவைத்து நரம்பணுக்களைக் கறுப்பாக்கும் முறையைக் கண்டுபிடித்தார். அதன் விசேஷம் அது செய்யாமல் விடுவதில் இருக்கிறது: நூற்றில் ஒருசில அணுக்களில் மட்டும் சாயம் ஏறும். ஏறிய அணுவோ வேரும் கிளையுமாக முழுசாகத் தெரியும். எல்லாவற்றிலும் ஏறியிருந்தால் கண்ணாடித் தகட்டில் மசிக்கறைதான் இருந்திருக்கும். ஏன் சிலவற்றில் மட்டும் ஏறுகிறது என்பதற்கு இன்றும் முழு விளக்கம் கிடையாது. பதினைந்து ஆண்டு கழித்து ஸ்பெயினில் சந்தியாகோ ரமோன் இ கஹால் அதே முறையைச் செம்மைப்படுத்திப் பார்த்தார். ஒரே சாயம், ஒரே மாதிரித் தகடு. கோல்ஜி கண்டது அறுபடாமல் பின்னிக்கிடக்கும் வலை. கஹால் கண்டது தனித்தனி அணுக்கள், நெருங்கி வந்து தொடாமல் நிற்பவை. 1906இல் இருவருக்கும் சேர்த்தே நோபல் பரிசு கொடுத்தார்கள். பரிசு உரையிலேயே கோல்ஜி கஹாலின் கொள்கையைத் தாக்கிப் பேசினார். பக்கத்தில் கஹால் எப்படி உட்கார்ந்திருந்திருப்பார் என்று நான் அடிக்கடி நினைத்துப்பார்ப்பதுண்டு. அந்த இடைவெளி கண்ணுக்குத் தெரிந்தது 1950களில், எலக்ட்ரான் நுண்ணோக்கி வந்த பிறகு. மில்லிமீட்டரைப் பத்து லட்சமாக்கினால் அதில் இருபது பங்கு அகலம். கஹால் ஜெயித்தார், ஆனால் படத்தைக் காட்டி மட்டும் ஜெயிக்கவில்லை. அணு வளரும்போது நுனி எப்படி நீள்கிறது, வெட்டினால் எந்தப் பகுதி மட்டும் சாகிறது என்று பல பக்கமிருந்தும் கிடைத்த சான்றுகள் அவர் பக்கம் சேர்ந்தன.

இடம் தெரிவதால் பயனே இல்லை என்று சொல்ல வரவில்லை. 1953இல் கடும் வலிப்புக்காக 27 வயது ஹென்றி மொலைசனின் மூளையில் இரண்டு பக்கமும் ஹிப்போகேம்பஸ் என்ற பகுதியில் பெரும்பங்கை எடுத்தார்கள். அதன் பிறகு புதிதாக எதுவும் அவர் நினைவில் தங்கவில்லை. ஐந்து நிமிடம் முன்பு பேசிவிட்டுப் போனவர் திரும்பி வந்தால் புது ஆள். உளவியலாளர் பிரெண்டா மில்னர் அவரிடம் கண்ணாடியில் தெரியும் பிம்பத்தை மட்டும் பார்த்து நட்சத்திரம் வரையச் சொன்னார். நாளுக்கு நாள் கை தேறியது. முன்பு வரைந்ததாக மட்டும் அவருக்கு நினைவே இல்லை. நினைவு என்று ஒற்றைச் சொல்லால் நாம் அழைப்பது ஒன்றல்ல, பல என்று அதில் தெரிந்தது. இழப்பு எங்கே என்பதோடு நிற்காமல், எது போயிற்று, எது போகவில்லை என்று பொறுமையாகப் பிரித்துப் பார்த்ததால் கிடைத்த அறிவு இது. 2008இல் அவர் இறந்த பிறகு அவர் மூளையை 2,401 சீவல்களாக வெட்டி வைத்திருக்கிறார்கள்.

'எங்கே' என்பதைத் தாண்டி 'எப்படி' என்பதற்கு விடை கிடைத்தால் அது எப்படி இருக்கும்? என் கணக்கில் அதற்குச் சிறந்த உதாரணம் கடலில் வாழும் கணவாய். அதன் உடலில் ஒரு மில்லிமீட்டர் வரை தடித்த நரம்பிழை இருக்கிறது. நம் மூளையின் இழைகள் பலவும் அதில் ஆயிரத்தில் ஒரு பங்குதான். அதற்குள் மின்முனையை நுழைக்கலாம். ஆலன் ஹாட்ஜ்கினும் ஆண்ட்ரூ ஹக்ஸ்லியும் ஒரு துடிப்பின்போது சோடியம் எப்போது உள்ளே புகுகிறது, பொட்டாசியம் எப்போது வெளியேறுகிறது என்று அளந்து 1952இல் சமன்பாடுகளாக எழுதினார்கள். கேம்பிரிட்ஜ் கணினி அப்போது மாற்றியமைப்புக்காக நிறுத்தப்பட்டிருந்ததால் ஹக்ஸ்லி கையால் சுழற்றும் கணக்குக் கருவியில் வாரக்கணக்கில் சுழற்றினார். துடிப்பு வினாடிக்கு 18.8 மீட்டர் ஓட வேண்டும் என்றது கணக்கு. கணவாயின் இழையில் அளந்தால் 21.2. இந்த இரண்டு எண்களையும் முதன்முதலில் பக்கம் பக்கமாகப் பார்த்த அன்று நான் புத்தகத்தை மூடிவிட்டுக் கொஞ்சம் நடந்துவிட்டு வந்தேன். அதில் வண்ணப்படம் ஒன்றுகூட இல்லை.

உங்கள் தொழில் நம்பிக்கைக்கு வருவோம். முழு வரைபடம் ஏற்கெனவே ஒன்று இருக்கிறது. சி. எலிகன்ஸ் என்ற ஒரு மில்லிமீட்டர் நீளப் புழுவுக்கு 302 நரம்பணுக்கள். எது எதோடு இணைந்திருக்கிறது என்பது 1986இலேயே அச்சாகிவிட்டது. 2024இல் பழ ஈயின் மூளையும் முடிந்தது: சுமார் 1,40,000 நரம்பணுக்கள், ஐந்து கோடிக்கு மேல் இணைப்புகள். இருந்தும், அந்தப் புழு அடுத்து எந்தப் பக்கம் திரும்பும் என்று வரைபடத்தை மட்டும் வைத்து யாராலும் சொல்ல முடிவதில்லை. காரணத்தை நண்டு சொல்லும். அதன் வயிற்றின் அசைவை நடத்தும் நரம்பு முடிச்சில் ஏறத்தாழ 30 நரம்பணுக்கள்தான். ஈவ் மார்டர் அதற்காகவே பல பத்தாண்டுகளைச் செலவிட்டவர். ஒரு ரசாயனத்தைச் சேர்த்தால் அதே முடிச்சு வேறு தாளம் போடுகிறது. இன்னொன்றைச் சேர்த்தால் ஓர் அணு தன் கூட்டத்தை விட்டு வேறு தாளத்துக்குக் கட்சி மாறுகிறது. இணைப்பு ஒன்றுகூட மாறியிருக்காது. உங்கள் மொழியில் சொன்னால், நிரல் முழுவதும் கையில் இருக்கிறது, அது எப்படி ஓட வேண்டும் என்று சொல்லும் கன்ஃபிக் ஃபைல் ஓடும்போதே மாறிக்கொண்டிருக்கிறது, அது ரத்தத்திலும் நரம்பணுக்களைச் சூழ்ந்த திரவத்திலும் கரைந்து கிடக்கிறது. வரைபடம் வேண்டாம் என்பதல்ல. அது இல்லாமல் மார்டரும் தொடங்கியிருக்க முடியாது. மனதைப் படிக்க அது மட்டும் போதாது.

காதலை 'ரசாயனக் கூத்து, அவ்வளவுதான்' என்றாரே, எனக்கு உறுத்துவது அந்த 'அவ்வளவுதான்'. முப்பது அணுக்களில் ஒரு ரசாயனம் செய்வதையே இன்னும் முடித்துப் புரிந்துகொள்ளவில்லை. ரசாயனம் என்பது சரி. அவ்வளவுதான் என்று சொல்ல அவருக்கு யார் உரிமை கொடுத்தது?

பத்து சதவீதக் கதைக்கு இரண்டு வரி போதும். உடல் எடையில் 2 சதவீதமே இருக்கும் மூளை உடலின் ஆற்றலில் ஐந்தில் ஒரு பங்கை விழுங்குகிறது. பத்தில் ஒன்பது பங்கு சும்மா கிடக்கும் உறுப்புக்கு எந்த உடலும் இப்படித் தீனி போடாது. எண்களைப் பற்றிப் பேச எனக்கும் யோக்கியதை குறைவு: நரம்பணுக்கள் பத்தாயிரம் கோடி என்று நானே ஒரு காலத்தில் எழுதியிருக்கிறேன். எல்லோரும் எழுதினார்கள், யாரும் எண்ணவில்லை. பிரேசிலின் சுசானா ஹெர்குலானோ-ஹூசெல் மூளையைச் சோப்புக் கரைசலில் கரைத்துச் சீரான குழம்பாக்கி, அதில் மிதக்கும் உட்கருக்களை எண்ணும் முறையைக் கொண்டுவந்தார். 2009இல் வந்த விடை 8,600 கோடி. அதில் 6,900 கோடி பின்பக்கம் ஒதுங்கியிருக்கும் சிறுமூளையில். சிந்தனைக்குப் பெயர்போன பெருமூளைப் புறணியில் 1,600 கோடிதான்.

இனி உங்கள் சின்ன ஆசை. கண்ணாடி முன் நின்று உங்கள் இடது கண்ணைப் பாருங்கள், பிறகு வலது கண்ணை. மாற்றி மாற்றிப் பாருங்கள். கண் நகர்வதை நீங்கள் பார்க்கவே மாட்டீர்கள். பக்கத்தில் நிற்பவருக்குத் தெளிவாகத் தெரியும். விழி தாவும் நேரத்துக் காட்சியை மூளை உங்களுக்குத் தெரியாமல் அமுக்கிவிடுகிறது. செல்பேசியின் முன்கேமராவில் செய்தால் நகர்வு தெரியலாம், ஏனென்றால் திரைக்குப் படம் கொஞ்சம் தாமதமாக வருகிறது, அதற்குள் விழி போய்ச் சேர்ந்துவிடும்.

இன்னொன்றுக்கு இருட்டும் ஒரு கட்டில் காலும் வேண்டும். 1850இல் ஹெர்மன் ஹெல்ம்ஹோல்ட்ஸ் தவளையின் நரம்பை இரண்டு இடத்தில் தூண்டி, தசை துடிக்க ஆகும் நேர வித்தியாசத்தை வைத்து, நரம்பில் செய்தி வினாடிக்கு ஏறத்தாழ 27 மீட்டர் ஓடுகிறது என்று கண்டார். அளக்கவே முடியாத வேகம் என்று அவர் ஆசிரியர் நினைத்திருந்தார். நம் உடலில் தொடுகையைக் கொண்டுபோகும் இழைகள் அதைவிட வேகமானவை. மந்தமான வலியைக் கொண்டுபோகும் மெல்லிய இழைகளோ வினாடிக்கு ஒரு மீட்டர்தான் நகரும். அதனால் கால்விரல் இடித்தால், இடித்த உணர்வும் சுரீர் என்ற முதல் வலியும் உடனே வந்துவிடும். ஊமை எரிச்சல் ஒரு வினாடிக்கு மேல் கழித்து வரும். நடுவில் ஒரு விநோதமான நிசப்தம் இருக்கும், 'ஐயோ, இனி வரப்போகிறது' என்று தெரிந்தே காத்திருக்கும் நேரம். அதை எண்ணுங்கள். காலிலிருந்து தலை வரையுள்ள தூரத்தை அந்த வினாடிகளால் வகுத்தால் ஹெல்ம்ஹோல்ட்ஸின் கணக்கை உங்கள் உடம்பில் நீங்களே போட்டுப் பார்த்ததாக ஆகும். வேண்டுமென்றே போய் இடித்துக்கொள்ளாதீர்கள், தானாக நடக்கும். கிடைத்த எண்ணை எனக்கும் எழுதுங்கள்.