கெமிஸ்ட்ரி சேர்ந்தாயிற்று, கணக்கை விட்டுவிடலாமா?

கேள்வி: பிளஸ் டூவில் பியூர் சயின்ஸ் குரூப் படித்தேன். இயற்பியல், வேதியியல், தாவரவியல், விலங்கியல். கணக்கைப் பத்தாம் வகுப்போடு விட்டுவிட்டேன். மருத்துவம் கிடைக்காததால் பக்கத்து ஊர்க் கல்லூரியில் பி.எஸ்ஸி. கெமிஸ்ட்ரி சேர்ந்திருக்கிறேன். அலைடு பாடம், அதாவது மேஜரான கெமிஸ்ட்ரியோடு சேர்த்துப் படிக்கும் துணைப் பாடம், கணிதமா, விலங்கியலா என்று இந்த வாரத்துக்குள் எழுதிக் கொடுக்கச் சொல்கிறார்கள். எனக்கு ஐஐடியில் எம்.எஸ்ஸி. படிக்க ஆசை. வீட்டிலோ பி.எட். முடித்து டீச்சராகிவிடு என்கிறார்கள். எதை எடுப்பது? மூன்று வருடத்தையும் எப்படித் திட்டமிடுவது? — ஒரு மாணவி, விருத்தாசலம்

பதில்: இரண்டு கேள்வி கேட்டிருக்கிறீர்கள். முதல் கேள்விக்குச் சரியாகப் பதில் சொல்லிவிட்டால் இரண்டாவதில் பாதி முடிந்துவிடும். கல்லூரி அனுமதித்தால் கணிதத்தை எடுங்கள். அனுமதிக்காவிட்டால் விலங்கியலை எடுத்துக்கொண்டு, கணிதத்தை வீட்டில் படியுங்கள். எப்படியானாலும் கணிதத்தை விட்டுவிட வேண்டாம்.

ஏன் இவ்வளவு அழுத்திச் சொல்கிறேன் என்றால், கெமிஸ்ட்ரியில் கணக்கு எங்கே ஒளிந்திருக்கிறது என்பது முதல் வருடத்தில் தெரியாது. முதல் செமஸ்டரில் டைட்ரேஷன் செய்வீர்கள்; ஒரு கரைசலைச் சொட்டுச் சொட்டாக விட்டு இன்னொன்றின் அளவைக் கண்டுபிடிப்பது அது. பெருக்கல், வகுத்தல் போதும். ‘இதற்குப் போய் பயந்தோமே’ என்று தோன்றும். இயற்பிய வேதியியல் லேபுக்குள் போகும்போதுதான் விஷயம் புரியும்.

அங்கே பல கல்லூரிகளில் செய்யும் ஒரு சோதனை உண்டு. மெத்தில் அசிடேட் என்ற எஸ்டரோடு ஹைட்ரோகுளோரிக் அமிலத்தைச் சேர்த்து வைப்பார்கள். எஸ்டர் மெல்ல மெல்ல உடைந்து அசிடிக் அமிலம் உண்டாகும். பத்து நிமிடத்துக்கு ஒரு முறை பிப்பெட்டில் கொஞ்சம் எடுத்து ஐஸ் தண்ணீரில் விட வேண்டும். குளிரில் வினை ஏறக்குறைய நின்றுபோகும். உடனே நிறம் மாறிக் காட்டும் பினாப்தலின் இரண்டு சொட்டு விட்டு, சோடியம் ஹைட்ராக்சைடால் டைட்ரேட் செய்ய வேண்டும். நேரம் போகப் போக பியூரெட் ரீடிங் ஏறிக்கொண்டே வரும். வினை முழுதும் முடிந்த பிறகு வரும் ரீடிங்கை ‘இன்ஃபினிட்டி ரீடிங்’ என்பார்கள். அதிலிருந்து ஒவ்வொரு ரீடிங்கையும் கழித்தால், இன்னும் உடையாமல் எவ்வளவு எஸ்டர் பாக்கி என்பது தெரியும்.

இதுவரை கைவேலை. இனிமேல்தான் கணக்கு. அந்த வித்தியாசம் ஒரு நேரத்தில் 16 மில்லி என்று வைத்துக்கொள்ளுங்கள். 8 மில்லியாகக் குறைய எத்தனை நிமிடம் ஆனதோ, 8 மில்லி 4 மில்லியாகவும் அதே நிமிடம்தான் ஆகும். 4 மில்லி 2 ஆவதற்கும் அதேதான். வித்தியாசத்தை அப்படியே கிராஃபில் போட்டால் வளைகோடு வரும். அதன் மடக்கையை (லாக்) போட்டால் நேர்கோடு வரும். அந்தக் கோட்டின் சாய்விலிருந்து, வினை எவ்வளவு வேகமாக நடக்கிறது என்று காட்டும் வேக மாறிலி கிடைக்கும். அரைவாழ்வுக் காலத்துக்கான சூத்திரத்தில் வரும் 0.693 என்ற எண்ணைப் பிளஸ் டூவில் மனப்பாடம் செய்திருப்பீர்கள். லாக் டேபிளில் 2-க்கு எதிரே 0.3010 இருக்கும். அதை 2.303-ஆல் பெருக்கிப் பாருங்கள், 0.693 வந்து நிற்கும். ‘பாதியாகும் நேரம்’ என்பதால்தான் 2-இன் மடக்கை வருகிறது. தொகையிடல் தெரிந்தவருக்கு இது மூன்று வரி. தெரியாதவர் பரீட்சை வரை மனப்பாடம் செய்து, மறுநாள் மறந்துவிடுவார்.

வெப்ப இயக்கவியலும் இப்படித்தான். குவாண்டம் வேதியியல் இன்னும் மோசம். எம்.எஸ்ஸி.யில் குரூப் தியரி என்று ஒரு பேப்பர் வரும்போது அணிகள் தெரியாமல் உட்கார்ந்தால், ஆசிரியர் வேறு ஏதோ மொழியில் பேசுவதுபோல இருக்கும்.

உங்கள் ஐஐடி ஆசைக்கு வருகிறேன். அதற்கான நுழைவுத்தேர்வு ஜாம். வேதியியல் தாளில் 60 கேள்வி, 100 மதிப்பெண், 3 மணி நேரம். இதில் 30 மதிப்பெண்ணுக்கு ஆப்ஷனே கிடையாது. கணக்குப் போட்டு, விடை எண்ணைத் திரையில் டைப் செய்ய வேண்டும். ஊகித்து டிக் அடிக்க வழியில்லை. போதாததற்கு, ஜாம் வேதியியல் பாடத்திட்டத்தில் பள்ளி அளவிலான கணிதமும் ஒரு பகுதி: வகையிடல், தொகையிடல், எளிய வகைக்கெழுச் சமன்பாடுகள், வெக்டர், அணிகள், நிகழ்தகவு. இன்னொன்றையும் கவனியுங்கள். சேர்க்கையின்போது பிளஸ் டூவிலோ பட்டப்படிப்பிலோ கணிதம் படித்திருக்க வேண்டும் என்று சில நிறுவனங்கள் கேட்பதுண்டு. எந்த நிறுவனம் என்ன கேட்கிறது என்பது ஆண்டுதோறும் வெளியாகும் தகவல் கையேட்டில் இருக்கும். இப்போதே இந்த வருடக் கையேட்டை எடுத்து ஒரு முறை படித்துவிடுங்கள். மூன்றாம் வருடத்தில் படித்து ‘ஐயோ’ என்பதில் பயனில்லை. தகுதிக்காகவே கணிதம் தேவைப்பட்டால், தேசியத் திறந்தநிலைப் பள்ளி நிறுவனத்தில் பிளஸ் டூ கணிதத்தை மட்டும் தனிப் பாடமாகப் பதிந்து எழுதும் வழி இருக்கிறது. ஆனால் நீங்கள் சேர விரும்பும் நிறுவனம் அதை ஏற்குமா என்று எழுதிக் கேட்டு, பதில் வந்த பிறகு பணம் கட்டுங்கள்.

கல்லூரி அனுமதிக்குமா என்பது அடுத்த சிக்கல். பிளஸ் டூவில் கணிதம் இல்லாதவர்களுக்கு அலைடு கணிதம் தருவதில்லை என்று பல கல்லூரிகளில் விதி வைத்திருக்கிறார்கள். சில இடங்களில் துறைத் தலைவர் சம்மதித்தால் போதும். முதலில் உங்கள் ஹெச்.ஓ.டி.யை நேரில் பார்த்துக் கேளுங்கள். அலுவலகத்தில் கேட்டால் ‘முடியாதும்மா’ என்று ஒரே வார்த்தையில் முடித்துவிடுவார்கள். அவர்களுக்கு அதுதான் சுலபம்.

மறுத்துவிட்டால் வருத்தப்பட ஒன்றுமில்லை. தமிழ்நாட்டுப் பாடநூலில் பதினொன்றாம் வகுப்புக் கணிதம் இரண்டாம் தொகுதியை எடுத்துக்கொள்ளுங்கள். அணிகளும் அணிக்கோவைகளும், வெக்டர் இயற்கணிதம், வகையிடல், தொகையிடல், நிகழ்தகவு என்று அத்தியாயங்கள் இருக்கும். மேலே சொன்ன ஜாம் பட்டியலோடு ஒப்பிட்டுப் பாருங்கள், ஏறக்குறைய அப்படியே பொருந்தும். வகைக்கெழுச் சமன்பாடு மட்டும் பன்னிரண்டாம் வகுப்பு இரண்டாம் தொகுதியில் இருக்கிறது. இணையத்தில் இலவசமாகவே கிடைக்கும். தமிழ் வழியில் படித்தவரென்றால் தமிழ்ப் பதிப்பிலேயே தொடங்குங்கள். கலைச்சொற்களை அப்புறம் ஆங்கிலத்தில் பழகிக்கொள்ளலாம். தினம் முக்கால் மணி நேரம் ஒதுக்கினால் முதல் வருட முடிவுக்குள் இந்த அத்தியாயங்களை முடித்துவிடலாம். எடுத்துக்காட்டுகளை மட்டும் படித்துத் தலையாட்டாமல் பயிற்சிக் கணக்குகளைப் போட வேண்டும். கணிதத் துறையில் பொறுமையுள்ள ஒரு சீனியரைப் பிடித்து வைத்துக்கொண்டால் இன்னும் நல்லது.

விலங்கியலை நான் மட்டம் தட்டுவதாக நினைக்க வேண்டாம். பின்னால் பயோகெமிஸ்ட்ரி, மருந்து ஆய்வு என்று போக நினைப்பவர்களுக்கு அது நல்ல அடித்தளம். பிளஸ் டூவில் படித்ததன் தொடர்ச்சி என்பதால் உங்களுக்கு மதிப்பெண்ணும் நன்றாக வரும். அந்த மதிப்பெண் சாதாரண விஷயமல்ல.

இங்கே என் கதையைக் கொஞ்சம் சொல்கிறேன். ‘அலைடுதானே, பாஸ் பண்ணினால் போதும்’ என்று ஒரு சீனியர் அண்ணன் சொன்னதைக் கேட்டு, நானும் பாஸ் மட்டும் பண்ணினேன். எம்.எஸ்ஸி.க்கு விண்ணப்பித்தபோது மேஜரையும் அலைடையும் சேர்த்துக் கூட்டினார்கள். ரேங்க் பட்டியலில் பின்னால் போய், முதலில் ஆசைப்பட்ட கல்லூரி கைவிட்டுப் போனது. பகுதி மூன்று என்றால் மேஜரும் அலைடும் சேர்ந்ததுதான். பட்டத்தில் முதல் வகுப்பா, இரண்டாம் வகுப்பா என்று போடுவது அதை வைத்துத்தான். பி.எட். சேர்க்கைக்கும் அதைத்தான் பார்ப்பார்கள். தமிழ், ஆங்கிலம் முதல் இரண்டு பகுதிகளில் வரும். வகுப்பு கணக்கில் சேராது. ஆனால் அதில் அரியர் வைத்தால் பட்டமே வராது. மேஜரில் எண்பது வாங்கிவிட்டுத் தமிழ்த் தாளுக்காக அடுத்த நவம்பர் வரை காத்திருந்தவர்களைப் பார்த்திருக்கிறேன்.

டீச்சர் வழியைப் பற்றி வீட்டில் சொல்வதும் தப்பில்லை. இரண்டு ஆசையும் ஒன்றோடொன்று மோதவில்லை என்பதை அவர்களுக்குச் சொல்லுங்கள். பி.எஸ்ஸி. முடித்து பி.எட். படித்தால் இயற்பியல் அறிவியல் (பிசிக்கல் சயின்ஸ்) பிரிவில் வருவீர்கள். அங்கே இயற்பியலும் நடத்த வேண்டியிருக்கும் என்பதால், இரண்டாம் வருடத்தில் வரும் அலைடு இயற்பியலை ஒழுங்காகப் படித்துவையுங்கள். மேல்நிலைப் பள்ளியில் முதுகலை ஆசிரியராக வேண்டுமென்றால் எம்.எஸ்ஸி. கெமிஸ்ட்ரியும் வேண்டும், பி.எட்.டும் வேண்டும். அதாவது எம்.எஸ்ஸி. முடித்த பிறகும் பி.எட். கதவு திறந்தே இருக்கும். ஒரு எச்சரிக்கை மட்டும்: எம்.எஸ்ஸி.யில் பட்டத்தின் பெயர் ‘கெமிஸ்ட்ரி’ என்றில்லாமல் வேறு அடைமொழியோடு இருந்தால், அது வேதியியலுக்கு இணையானது என்ற அரசாணை இருக்கிறதா என்று பார்த்துச் சேருங்கள். சான்றிதழ் சரிபார்ப்பின்போது இந்த ஒரு காகிதத்துக்காக அலைபவர்கள் நிறையப் பேர்.

உறவினர் யாராவது ‘இப்போதெல்லாம் டிகிரி நாலு வருஷம்’ என்று குழப்புவார்கள். டெல்லிப் பல்கலைக்கழகம் போன்ற மத்தியப் பல்கலைக்கழகங்களில் வந்திருக்கும் ஏற்பாடு அது. உங்களுடையது மூன்று வருடம், ஆறு செமஸ்டர்தான்.

இனி வருடக் கணக்கு. முதல் வருடத்தில் கணிதமும் லேப் கைப்பழக்கமும் போதும், வேறு எதற்கும் ஓட வேண்டாம். பியூரெட்டை இடது கையால் திருகப் பழகுங்கள். வலது கை குடுவையைச் சுழற்றட்டும். அப்சர்வேஷன் நோட்டில் ரீடிங்கைப் பேனாவால் அப்போதே எழுதுங்கள். பக்கத்து மேஜையில் கேட்டு எழுதும் பழக்கம் ஒட்டிக்கொண்டால் மூன்று வருடமும் போகாது.

இரண்டாம் வருடம்தான் முக்கியம், பெரும்பாலானோர் தூங்கிவிடும் வருடமும் அதுவே. நாட்டின் மூன்று அறிவியல் கழகங்களும் சேர்ந்து கோடைக்கால ஆய்வு உதவித்தொகை தருகின்றன. வழக்கமாக நவம்பர் வாக்கில் விண்ணப்பம் முடியும். கிடைத்தால் இரண்டு மாதம் ஒரு நிஜ ஆய்வகத்தில் இருக்கலாம். ஆசிரியர் ஒருவரின் பரிந்துரைக் கடிதம் வேண்டும் என்பதால், உங்கள் பெயர் தெரிந்த ஆசிரியர் ஒருவராவது இருக்க வேண்டும். கிடைக்காவிட்டாலும், காரைக்குடி மத்திய மின்வேதியியல் ஆய்வகம், சென்னை அடையாற்றின் மத்தியத் தோல் ஆராய்ச்சி நிறுவனம் போன்ற இடங்களில் மாணவர் பயிற்சிக்கு வாய்ப்பு உண்டா என்று எழுதிக் கேளுங்கள்.

மூன்றாம் வருடத்தில் செப்டம்பர், அக்டோபர் வாக்கில் ஜாம் விண்ணப்பம், பிப்ரவரியில் தேர்வு. ஐந்தாம் செமஸ்டர் பரீட்சை நடுவில் வந்து நிற்கும். ஆகவே பழைய வினாத்தாள்களை இரண்டாம் வருடக் கோடையிலேயே போட ஆரம்பித்துவிட வேண்டும். ஜாமை மட்டும் நம்பாமல் மத்தியப் பல்கலைக்கழகங்களுக்கான கியூட் முதுகலைத் தேர்வையும் எழுதுங்கள். மாநிலக் கல்லூரிகளிலும் விண்ணப்பம் போட்டுவையுங்கள்.

இந்த வாரம் செய்ய வேண்டியது ஒன்றுதான். ஹெச்.ஓ.டி.யைப் பார்க்கப் போகும்போது பத்தாம் வகுப்பு மதிப்பெண் பட்டியலின் நகலையும் எடுத்துப் போங்கள். அதில் கணிதத்தில் நல்ல மதிப்பெண் இருந்தால், உங்களுக்காகப் பேச அவருக்கு ஒரு பிடி கிடைக்கும்.