யெஸ்டி 250: சைலன்சர் மாற்றியதும் இழுவை போனால்

யெஸ்டி 250 பைக்குக்குப் பழைய மாதிரி சைலன்சர் ஜோடி பெங்களூரில் எங்கே கிடைக்கும் என்று கேட்டிருக்கிறீர்கள். ஜே.சி. ரோட்டில் தேடுங்கள், ஆனால் கழற்றிய சைலன்சரைக் கையோடு எடுத்துப் போங்கள். இந்த பைக்கைத் தயாரித்த மைசூர் ஆலை 1996-லேயே மூடிவிட்டதால் புதிதாகக் கிடைப்பவை பெரும்பாலும் நகல்தான்.

புது ஜோடி மாட்டியதும் இழுவை குறைந்தது என்கிறீர்கள். சைலன்சருக்குள்ளே இருக்கும் பேஃபிளைத்தான் (துளைகள் போட்ட உள்குழாய்) சந்தேகப்படுவேன். யெஸ்டி போன்ற டூ-ஸ்ட்ரோக் இன்ஜினில் அது சத்தத்தை அடக்க மட்டும் இல்லை, அது மாறினால் புகை வெளியேறும் விதமே மாறிவிடும். வால்பக்க நட்டைக் கழற்றி பேஃபிளை உருவுங்கள். பழையதன் பக்கத்தில் வைத்து நீளத்தையும் துளைகளையும் பாருங்கள். வேறுபட்டால், பழையதில் கரியைச் சுரண்டிவிட்டு, பொருந்தினால் அதையே புது சைலன்சரின் ஓட்டுக்குள் (வெளிக்கூட்டுக்குள்) போட்டு ஓட்டிப் பாருங்கள்.

அப்புறம், சிலிண்டர் பக்க நட்டைச் சுற்றிக் கறுப்பாக எண்ணெய் வழிந்திருந்தால் முதலில் அந்தக் கசிவை அடைத்துவிடுங்கள். அதுவரை பழைய ஓட்டைக் காயலான் கடைக்குப் போட வேண்டாம்.