வாசகர் கேள்வி-பதில்: செம்பாறைகளுக்கு நடுவே ஒரு கார்ப் பயணம்

விடுமுறை நெருங்குவதால், அமெரிக்காவின் யூட்டா, அரிசோனா மாநிலங்கள் பக்கம் காரில் கிளம்பப் போகிறவர்களின் கேள்விகள்தான் இந்த முறை அதிகம். அந்தச் சாலைகளில் நான் பலமுறை போயிருக்கிறேன். ஒவ்வொரு முறையும் ஏதோ ஓர் இடத்தை விட்டுக் கிளம்ப மனமில்லாமல்தான் கிளம்பியிருக்கிறேன், அதனால் என் பதில்கள் ஒரே பக்கம் சாய்ந்திருக்கும்: இடங்களைக் குறையுங்கள், இருக்கிற இடத்தில் நேரத்தைக் கூட்டுங்கள்.

கேள்வி: எங்களுக்கு ஐந்து நாள் லீவு. லாஸ் வேகாஸில் கார் எடுத்து சயான், பிரைஸ், ஆர்ச்சஸ் பூங்காக்கள், மான்யுமென்ட் வேலி, ஆன்டிலோப் கேன்யன், கிராண்ட் கேன்யன் எல்லாவற்றையும் பார்த்துவிட்டு வேகாஸுக்கே திரும்பலாமா? இரண்டு பேர் மாற்றி மாற்றி ஓட்டுவோம். (டல்லஸிலிருந்து ஒரு வாசகர்)

ஓட்டிவிடலாம், பார்க்க முடியாது. கணக்கைப் போட்டுப் பாருங்கள். வேகாஸிலிருந்து சயான் சுமார் 160 மைல், அங்கிருந்து பிரைஸ் 85, பிரைஸிலிருந்து ஆர்ச்சஸ் இருக்கிற மோவாப் ஊர் 270, மோவாபிலிருந்து மான்யுமென்ட் வேலி 150, அங்கிருந்து ஆன்டிலோப் கேன்யன் பக்கத்து ஊரான பேஜ் 125, பேஜிலிருந்து கிராண்ட் கேன்யனின் தெற்கு விளிம்பு 135, கடைசியாக வேகாஸுக்கு 280. எல்லாம் சேர்ந்து 1,200 மைலுக்கு மேல், கிட்டத்தட்ட 22 மணி நேரம் ஸ்டியரிங் முன்னால். போதாததற்கு வேகாஸ் இருக்கிற நெவாடாவிலிருந்து யூட்டாவுக்குள் நுழைந்ததும் கடிகாரத்தில் ஒரு மணி நேரம் போய்விடும்.

நான் உங்கள் இடத்தில் இருந்தால் மோவாபையும் மான்யுமென்ட் வேலியையும் இந்த முறை விட்டுவிடுவேன். மனசு கேட்காதுதான். ஆனால் ஆர்ச்சஸில் மட்டுமே 2,000-க்கும் மேற்பட்ட கல் வளைவுகள் இருக்கின்றன, பக்கத்திலேயே கேன்யன்லாண்ட்ஸ் பூங்கா வேறு இருக்கிறது, அந்த இரண்டுக்குமே தனியாக மூன்று நாள் வேண்டும். அவற்றை எடுத்துவிட்டால் பயணம் 810 மைலுக்கு இறங்கிவிடுகிறது. முதல் ராத்திரி சயான் வாசலில் இருக்கிற ஸ்பிரிங்டேல், இரண்டாவது பிரைஸ், மூன்றாவது பேஜ், நான்காவது கிராண்ட் கேன்யன்.

சயானில் ஷட்டில் பஸ் ஓடும் மாதங்களில் பள்ளத்தாக்குச் சாலைக்குள் சொந்தக் காரை விடமாட்டார்கள், பார்க்கிங்கும் காலையிலேயே நிரம்பிவிடும், அதனால் முதல் பஸ்ஸுக்குப் போய் நில்லுங்கள். பிரைஸில் சூரிய உதயத்தைத் தவறவிடாதீர்கள், அந்தப் பாறை அரங்கம் கிழக்கைப் பார்த்து இருப்பதால் முதல் வெளிச்சம் நேராக அதன்மேல் விழும், கல் உள்ளுக்குள்ளிருந்து எரிவது போலத் தெரியும். பேஜிலிருந்து வரும்போது கேமரன் ஊர் வழியாக கிராண்ட் கேன்யனின் கிழக்கு வாசலில் நுழைந்தால் முதலில் டெசர்ட் வியூ என்ற பார்வை இடம் வரும். அங்கே 1932-இல் மேரி கோல்ட்டர் வடிவமைத்துக் கட்டிய கல் கோபுரம் இருக்கிறது. கிராண்ட் கேன்யனை முதல்முதலாக அங்கிருந்து பார்ப்பதுதான் எனக்குப் பிடிக்கும், கூட்டமும் கொஞ்சம் குறைவு.

கேள்வி: அப்பாவுக்கு 72 வயது, அம்மாவுக்கு முழங்கால் வலி. இருவரும் இந்தியாவிலிருந்து வருகிறார்கள். அவர்களால் பார்க்கக்கூடிய இடங்கள் இருக்கின்றனவா? ஸ்கைவாக் கண்ணாடிப் பாலத்துக்கு அப்பா ரொம்ப ஆசைப்படுகிறார். (சான் ஹோசேயிலிருந்து ஒரு வாசகி)

தாராளமாகக் கூட்டிப்போங்கள். கிராண்ட் கேன்யன் தெற்கு விளிம்பில் நல்ல தளம் போட்ட நடைபாதை இருக்கிறது, இலவச ஷட்டில் பல பார்வை இடங்களில் இறக்கிவிடும். பிரைஸில் சன்ரைஸ் பாயின்ட்டுக்கும் சன்செட் பாயின்ட்டுக்கும் நடுவே இருக்கிற அரை மைல் பாதையும் தளம் போட்டதுதான். சயானில் பஸ்ஸின் கடைசி நிறுத்தத்தில் இறங்கி ஆற்றோரமாக ரிவர்சைட் வாக்கில் முடிந்தவரை நடந்துவிட்டுத் திரும்பலாம், வழியில் உட்கார இடம் உண்டு.

கவனிக்க வேண்டியது உயரம். தெற்கு விளிம்பு சுமார் 7,000 அடி, பிரைஸ் 8,000 அடிக்கும் மேலே. நாலு படி ஏறினாலே மூச்சு வாங்கும், முதல் நாள் தலைவலியும் வரலாம். இதய நோய் அல்லது மூச்சுப் பிரச்சினை இருந்தால் டாக்டரிடம் கேட்டுவிட்டுக் கிளம்புங்கள். ஆன்டிலோப் கேன்யன் என்பது லோயர், அப்பர் என்ற இரண்டு பாறை இடுக்குகள். லோயர் ஆன்டிலோப்பில் செங்குத்தான இரும்பு ஏணிகள் இருக்கின்றன, அம்மாவுக்கு அது வேண்டாம். அப்பரில் தரை சமம், ஆனாலும் எவ்வளவு படி ஏற வேண்டியிருக்கும் என்று டிக்கெட் எடுக்கும்போதே கேட்டுக்கொள்ளுங்கள்.

ஸ்கைவாக் விஷயத்தில் பலர் ஏமாந்துபோகிறார்கள். அது தேசியப் பூங்காவுக்குள் இல்லை. ஹுவாலபாய் பழங்குடியினரின் நிலத்தில், கிராண்ட் கேன்யன் வெஸ்ட் என்ற இடத்தில் இருக்கிறது. தெற்கு விளிம்பிலிருந்து அங்கே போக நாலு மணி நேரத்துக்கும் மேல் ஆகும், கட்டணமும் தனி. அப்பாவுக்கு ஆசை என்றால் வேகாஸில் தங்கும்போது ஒரு நாளை அதற்கே ஒதுக்குங்கள், தெற்கு விளிம்பு நாளோடு சேர்க்காதீர்கள்.

கேள்வி: போன கோடையில் பேஜ் ஊரில் என் போன் 9 மணி காட்டியது, மனைவியின் போன் 10 காட்டியது. பயந்துபோய் ஓடினோம். ஏன் அப்படி?

அரிசோனா மாநிலம் கோடையில் கடிகாரத்தை ஒரு மணி நேரம் முன்னே தள்ளிவைப்பதில்லை, யூட்டா தள்ளிவைக்கிறது. அரிசோனாவுக்குள்ளேயே இருக்கிற நவஹோ நேஷனும், அதாவது நவஹோ பழங்குடியினரின் நிலமும், தள்ளிவைக்கிறது. பேஜ் ஊர் இந்த மூன்றும் உரசிக்கொள்கிற மூலையில் இருக்கிறது, எந்தக் கோபுரத்தின் சிக்னல் கிடைக்கிறதோ அந்த நேரத்தை போன் காட்டும். ஆன்டிலோப் கேன்யன் நவஹோ நிலம்தான், ஆனால் பேஜ் பக்கத்து டூர்கள் அரிசோனா நேரப்படி நடக்கின்றன. மான்யுமென்ட் வேலியிலோ யூட்டாவின் நேரம். போனில் தானியங்கி நேரத்தை அணைத்துவிட்டு ஃபீனிக்ஸ் நேரத்தை வைத்துக்கொள்ளுங்கள், டிக்கெட்டில் இருப்பது எந்த நேரம் என்றும் ஒரு முறை பார்த்துவிடுங்கள். குளிர்காலத்தில் இந்தத் தொல்லை இல்லை.

கேள்வி: நண்பர்கள் நாங்கள் ஐந்து பேர், எல்லோரும் முப்பதுக்குள், தினமும் ஓடுகிறவர்கள். ஜூன் மாதம் கிராண்ட் கேன்யனில் அடியில் ஓடும் ஆற்றுவரை இறங்கி அன்றே மேலே வந்துவிட நினைக்கிறோம்.

வேண்டாம் தம்பிகளா. ஒரே நாளில் ஆற்றுக்கு இறங்கி ஏறாதீர்கள் என்று பூங்கா நிர்வாகமே பாதைகளின் தொடக்கத்தில் எழுதி வைத்திருக்கிறது, அதிலும் கோடையில் கண்டிப்பாக. மலை ஏறும்போது களைத்தால் திரும்பி இறங்கிவிடலாம். இங்கே தலைகீழ், முதலில் இறக்கம், உடம்பு நன்றாக இருக்கிறது, இன்னும் கொஞ்சம் போகலாம் என்று கால் தானாகப் போகும், களைப்பு தெரிய ஆரம்பிக்கும்போது மொத்த ஏற்றமும் பாக்கி இருக்கும். பிரைட் ஏஞ்சல் பாதையில் ஆற்றிலிருந்து விளிம்பு வரை 4,000 அடிக்கும் மேலே ஏற வேண்டும். விளிம்பில் இதமாக இருக்கிற அதே நேரத்தில் அடியில் 40 டிகிரி செல்சியஸைத் தாண்டியிருக்கும், கறுத்த பாறை அந்தச் சூட்டைப் பிடித்துவைத்துத் திருப்பி அடிக்கும்.

ஓட்டப் பழக்கம் இதில் காப்பாற்றாது. பூங்காக் காவலர்களான ரேஞ்சர்கள் தூக்கிவருகிறவர்களில் உங்கள் வயதுக்காரர்கள், உங்களைப் போன்ற உடல்வாகு உள்ளவர்கள் நிறைய உண்டு. இன்னொன்று, தண்ணீரை மட்டும் குடித்துக்கொண்டே இருந்தால் உடம்பில் உப்பு இறங்கி அதுவே ஆபத்தாகிவிடும், உப்புள்ள தின்பண்டம் கூடவே வேண்டும்.

விடியற்காலையில் கிளம்பி ஒன்றரை மைல் ஓய்வுக் கொட்டகை வரை போய்விட்டு, வெயில் ஏறுவதற்குள் மேலே வந்துவிடுங்கள். காலை 10 முதல் மாலை 4 வரை ஏறவே ஏறாதீர்கள். அடிவரை போயே ஆக வேண்டும் என்றால் அக்டோபருக்குப் பிறகு, கீழே ஓர் இரவு தங்க பெர்மிட் எடுத்துக்கொண்டு போங்கள்.

கேள்வி: வானம் சுத்தமாக நீலமாக இருந்தது, ஆனாலும் வெள்ள அபாயம் என்று சொல்லி எங்கள் கேன்யன் டூரை ரத்து செய்துவிட்டார்கள். பணம் திரும்பி வந்துவிட்டது, ஆனால் வருத்தம் தீரவில்லை.

உங்கள் வருத்தம் புரிகிறது, இருந்தாலும் ரத்து செய்தவர்கள் சரியானதைத்தான் செய்தார்கள். 1997 ஆகஸ்ட் 12-ஆம் தேதி லோயர் ஆன்டிலோப்புக்குள் இருந்த 11 சுற்றுலாப் பயணிகள் திடீர் வெள்ளத்தில் இறந்துபோனார்கள். மழை பெய்தது பல மைல் தள்ளி. அந்த நிலத்தில் மண் குறைவு, பாறைதான் அதிகம், பெய்த மழை உள்ளே இறங்காமல் அப்படியே வழிந்து ஓடைகளில் சேர்ந்து, கடைசியில் இரண்டு கையை விரித்தால் சுவரைத் தொடுகிற இடுக்குக்குள் புகுகிறது. அங்கே ஏறித் தப்பவும் வழியில்லை. ஜூலை முதல் செப்டம்பர் வரை அங்கே இடிமழைக் காலம், பிற்பகல்களில்தான் அதிகம். சயானில் நேரோஸ் என்ற குறுகிய பள்ளத்தாக்கில் ஆற்றுக்குள் நடக்க நினைக்கிறவர்களுக்கும் இதே எச்சரிக்கை, அன்றைய வெள்ள முன்னறிவிப்பைப் பார்க்காமல் தண்ணீரில் கால் வைக்காதீர்கள்.

கேள்வி: பிரைஸ் படத்தைப் பார்த்துவிட்டு என் ஒன்பது வயது மகள், "இத்தனை பொம்மைகளை யார் செதுக்கினார்கள்?" என்று கேட்கிறாள். என்ன சொல்லலாம்?

இந்தக் கேள்விக்காக உங்கள் மகளுக்கு என் அன்பு. முதலில் அந்த மண்ணின் பழங்குடியினரான பயூட் மக்களின் கதையைச் சொல்லுங்கள்: அங்கே வாழ்ந்தவர்கள் தகாத காரியங்கள் செய்ததால், கயோட்டி, அதாவது அவர்கள் கதைகளில் வரும், ஓநாய் போன்ற ஒரு மாயக்கார விலங்கு, எல்லோரையும் கல்லாக்கிவிட்டது. வண்ணம் பூசிய முகத்தோடு அவர்கள் இன்னும் வரிசையாக நிற்கிறார்கள்.

அப்புறம் தண்ணீரின் கதை. பிரைஸ் உயரத்தில் இருப்பதால் ஆண்டில் கிட்டத்தட்ட பாதி நாட்கள் பகலில் பனி உருகும், ராத்திரி உறையும். உருகிய நீர் பாறை விரிசலுக்குள் இறங்கி, உறையும்போது ஒன்பது சதவீதம் போலப் பெரிதாகி, விறகுக்கு ஆப்பு வைத்த மாதிரி பாறையைப் பிளக்கிறது. மழைநீரில் இருக்கிற லேசான அமிலம் சுண்ணாம்புக்கல்லைக் கரைக்கிறது. முதலில் சுவர், சுவரில் ஜன்னல், ஜன்னலின் மேல்கட்டு விழுந்ததும் தனித்தனித் தூண். இவற்றை ஹூடூ என்கிறார்கள். சிவப்பு நிறம் பாறையில் இருக்கிற இரும்பின் துரு.

பயணத்தில் அவளுக்கு ஒரு படிக்கட்டையும் காட்டுங்கள். பிரைஸின் அடியில் இருக்கிற பாறை அடுக்குதான் சயானின் உச்சி, சயானின் அடியில் இருப்பதுதான் கிராண்ட் கேன்யனின் மேல்விளிம்பு. சயானின் பெரிய சுவர்கள் ஒரு காலத்தில் மணல்மேடுகள், காற்று குவித்த சாய்வு வரிகள் செக்கர்போர்டு மேசா என்ற குன்றில் இன்றும் தெளிவாகத் தெரியும், அவளை விரலால் காற்றில் வரைந்து பார்க்கச் சொல்லுங்கள். கிராண்ட் கேன்யனின் மேல் அடுக்கு 27 கோடி ஆண்டு பழையது, அடியில் ஆற்றோரம் இருக்கிற கருங்கல் 170 கோடி ஆண்டுக்கும் மேல். மூன்று பூங்காவையும் பிரைஸ், சயான், கிராண்ட் கேன்யன் என்ற வரிசையில் பார்த்தால் படி இறங்குவது போலவே இருக்கும்.

கேள்வி: தேசியப் பூங்காக்களுக்கான வருடப் பாஸ் வாங்குவது லாபமா?

அமெரிக்காவில் வசிப்பவராக இருந்தால், ஆம். பாஸ் 80 டாலர். கிராண்ட் கேன்யன், சயான், பிரைஸ் மூன்றுக்கும் கார் ஒன்றுக்குத் தலா 35 டாலர் என்றாலே 105 ஆகிவிடுகிறது. வெளிநாட்டிலிருந்து வருபவர்களுக்கு 2026 ஜனவரி முதல் விதி மாறியிருக்கிறது: அவர்களுக்கான வருடப் பாஸ் 250 டாலர், அந்தப் பாஸ் இல்லாமல் வந்தால் மேற்சொன்ன மூன்றும் உள்பட 11 பூங்காக்களில் 16 வயது நிரம்பிய ஒவ்வொருவருக்கும் கூடுதலாக 100 டாலர். அப்பா அம்மாவைக் கூட்டிப்போகிறவர்கள் கிளம்பும் முன் பூங்காவின் இணையப் பக்கத்தில் படித்துவிடுங்கள். ஆன்டிலோப்பும் மான்யுமென்ட் வேலியும் நவஹோ மக்களுடையவை, அங்கே இந்தப் பாஸ் செல்லாது.

கேள்வி: ஞாபகத்துக்கு ஒரே ஒரு சிவப்புக் கல் எடுத்துவரலாமா?

எடுக்காதீர்கள், சட்டப்படியும் கூடாது. பாதையை விட்டு இறங்கவும் வேண்டாம். மோவாப் பக்கம் மணலின்மேல் கறுப்பாக, பொருக்குத் தட்டியது போல ஒரு படலம் இருக்கும். அது உயிருள்ளது, நுண்ணுயிர்களும் பாசியும் சேர்ந்து மணலைக் கட்டிப்பிடித்து வைத்திருக்கின்றன. ஒரு செருப்புத் தடம் ஆற பல பத்தாண்டுகள் ஆகும். குழந்தைகளுக்கு இதை முன்கூட்டியே காட்டிக்கொடுங்கள்.

கேள்வி: வேகாஸிலிருந்து நேரே மோவாப் போகிறோம். பெட்ரோல் எங்கே போடுவது?

ஐ-70 சாலையில் சலைனா ஊரில் டேங்கை நிரப்பிவிடுங்கள், பாதி இருந்தாலும் சரி. அதற்கடுத்து கிரீன் ரிவர் வரை சுமார் 105 மைலுக்குப் பங்க் இல்லை, கடை இல்லை. மேப்பை முன்பே ஆஃப்லைனில் இறக்கிக்கொள்ளுங்கள், காரில் ஆளுக்கு நாலு லிட்டர் தண்ணீர் இருக்கட்டும்.