ஷெலெஃப்டியோவுக்கு வரலாமா என்று கேட்ட தம்பிக்கு

தம்பி, உங்கள் கேள்வியை இரண்டு மூன்று முறை படித்தேன். ஓசூரில் பேட்டரி பிரிவில் ஐந்து வருட வேலை. வடக்கு ஸ்வீடனில் ஷெலெஃப்டியோவில் இருந்து ஒரு நிறுவனம் உங்களோடு பேசிக்கொண்டிருக்கிறது. மனைவி மென்பொருள் வேலையில் இருக்கிறார், மகளுக்கு நாலு வயது. "பசுமைத் தொழிற்சாலைகள் எல்லாம் வடக்கில்தானே வருகின்றன, ஸ்டாக்ஹோமை விட அங்கேயே வீடு வாங்கி நிலைத்துவிடலாமா? மனைவி வீட்டிலிருந்தே வேலை பார்த்துக்கொள்வாள்" என்று கேட்டிருக்கிறீர்கள்.

நான் லூலியோவில் இருக்கிறேன். நீங்கள் வரப்போகும் ஊரிலிருந்து பேருந்தில் இரண்டு மணி நேரம், 130 கிலோமீட்டர். 2012-ல் மேற்படிப்புக்கு வந்து, மின்கட்டமைப்பு வேலையில் அப்படியே தங்கிவிட்டேன். வாருங்கள் என்றுதான் சொல்வேன். ஆனால் அந்த ஒரு தொழிற்சாலையை நம்பி வராதீர்கள். அது நாளைக்கே இல்லாமல் போனாலும் உங்கள் இருவருக்கும் அந்த ஊரில் வேலை இருக்குமா என்று பார்த்துவிட்டு வாருங்கள். ஏன் இப்படிச் சொல்கிறேன் என்பதற்குக் கொஞ்சம் நீளமாக எழுத வேண்டியிருக்கிறது, பொறுத்துக்கொள்ளுங்கள்.

ஸ்வீடனின் வடபகுதியை நோர்லாண்ட் என்பார்கள். நாட்டின் நிலப்பரப்பில் ஏறக்குறைய 60 சதவீதம், மக்கள்தொகையில் 12 சதவீதம் மட்டுமே. பெரிய ஆறுகள் எல்லாம் இங்கேதான். லூலே ஆற்றில் போர்யுஸ் மின்நிலையம் 1915-ல் ஓடத் தொடங்கியது. பிற்காலத்தில் நோர்லாண்டின் மின்சாரம் தெற்கே போகத் தொடங்கியது, இன்றும் போய்க்கொண்டே இருக்கிறது. மின்சாரம் போனது போல ஆட்களும் போனார்கள். 1960-களில் காடு வெட்டும் வேலையும் சிறு விவசாயமும் சுருங்கியபோது, தெற்கில் இருந்த ஆலைகளுக்குக் குடிபெயர அரசே உதவித்தொகை கொடுத்தது. அதை நடத்திய அலுவலகத்தின் சுருக்கப்பெயர் ஆ.எம்.எஸ். "எல்லாரும் தெற்கே போயாக வேண்டும்" என்பதன் சுருக்கம் அது என்று வடக்கத்தியர்கள் விரித்துச் சொல்வார்கள். என் அலுவலகத்தில் வயதான ஒருவர் இன்றும் அதைச் சொல்லும்போது அவர் முகத்தில் சிரிப்பு இருக்காது. அவருடைய இரண்டு அண்ணன்களும் அப்படிப் போனவர்கள்.

நான் நெய்வேலியில் வளர்ந்தவள். அப்பா சுரங்கத்தில் வேலை பார்த்தார். டவுன்ஷிப்பில் மரம், பள்ளிக்கூடம், மருத்துவமனை எல்லாம் இருந்தன. நிலத்தைக் கொடுத்த ஊர்க்காரப் பிள்ளைகள் எங்களோடு படித்தார்கள், அவர்கள் வீட்டில் வேறு கதை ஓடியது. மின்சாரம் எங்கே பிறக்கிறதோ அங்கேயே வளம் தங்கிவிடும் என்று அதனால் நான் எப்போதும் நம்பியதில்லை. இங்கே வந்து பார்த்தால் இவர்களுக்கும் அதே மனக்குறை. பக்கத்து நாடான நார்வேயில் நீர்மின் வருமானத்தில் ஒரு பங்கு ஆறு ஓடும் ஊருக்கே சேர்கிறது. ஸ்வீடனில் மின்நிலையங்களுக்கான சொத்து வரி மத்திய அரசுக்குப் போகிறது. ஊருக்கு முக்கியமாகக் கிடைப்பது அங்கே பதிவாகிக் குடியிருப்பவர்கள் கட்டும் வருமான வரிதான். அதனால் இங்குள்ள கொம்யூன்களுக்கு, அதாவது உள்ளாட்சிகளுக்கு, ஆட்கள்தான் செல்வம். இதை மனதில் வைத்துக்கொண்டால் மற்றதெல்லாம் புரியும்.

2011 நவம்பரில் நாட்டை நான்கு மின்விலைப் பகுதிகளாகப் பிரித்தார்கள். வடக்கில் மின்சாரம் மலிவு, தெற்குக் கோடியில் மால்மோ பக்கம் விலை அதிகம். கரியில்லாத மலிவான மின்சாரம் வேண்டும் என்றவர்கள் எல்லாம் அந்தக் காலத்தில் வடக்கைத் திரும்பிப் பார்க்கத் தொடங்கினார்கள். ஃபேஸ்புக்கின் தரவு மையம் 2013-ல் எங்கள் ஊரில் திறந்தது, அமெரிக்காவுக்கு வெளியே அவர்களுக்கு அதுதான் முதல். வெளியே இருக்கும் குளிர்காற்றையே உள்ளே இழுத்துச் சர்வர்களைக் குளிர வைக்கிறார்கள். பெரிய கட்டடம், மின்சாரத் தேவையும் பெரிது, ஆனால் உள்ளே ஆட்கள் குறைவு. பக்கத்து ஊரான பூடனில் பழைய ராணுவ ஹெலிகாப்டர் கொட்டகையில் பிட்காயின் எடுக்க வந்த கேஎன்சி மைனர் 2016-லேயே திவாலானது. டிஜிட்டல் தொழில் வந்தால் ஊர் நிறையும் என்று அப்போது பேசியவர்களை நினைத்துப் பார்க்கிறேன். ஊரின் பெயர் உலகத்துக்குத் தெரிந்தது, பல்கலைக்கழகத்துக்கும் நல்ல பெயர் கிடைத்தது. ஆனால் அதனால் தெருக்கள் நிறைந்துவிடவில்லை.

பேட்டரி, எஃகு என்று வந்தபோது கதை மாறியது. அவற்றுக்கு ஆள் வேண்டும். 2017-ல் நார்த்வோல்ட் என்ற பேட்டரி நிறுவனம் தன் ஆலைக்கு ஷெலெஃப்டியோவைத் தேர்ந்தெடுத்தது. அதுவரை இளைஞர்கள் வெளியேறிக்கொண்டிருந்த ஊர். 2021 கடைசியில் முதல் பேட்டரி செல் வந்தது. அதே ஆண்டுதான் ஊர் நடுவே 20 மாடி மரக் கட்டடம், சாரா கலாச்சார மையம், திறந்தார்கள். 2030-க்குள் 80,000 பேர் என்று கொம்யூன் இலக்கு வைத்தது. குடியிருப்புகள், பாலர் பள்ளிகள், சாலைகள் எல்லாம் அந்தக் கணக்கில் எழுந்தன. நூற்றுக்கும் மேற்பட்ட நாட்டவர் அந்த ஆலையில் வேலை பார்த்தார்கள். நான் 2022 பொங்கலுக்கு அங்கே போயிருந்தேன். நாங்கள் ஐந்தாறு தமிழ்க் குடும்பங்கள் இருப்போம் என்று நினைத்துப் போனால் கூடம் கொள்ளவில்லை.

2024 செப்டம்பரில் ஸ்வீடனில் மட்டும் 1,600 பேரைக் குறைப்பதாக அந்த நிறுவனம் அறிவித்தது. 2025 மார்ச் 12-ஆம் தேதி ஸ்வீடனில் திவால் மனு கொடுத்தது. ஸ்வீடனில் சுமார் 5,000 பேர் வேலையில் இருந்தார்கள், பெரும்பகுதி ஷெலெஃப்டியோவில். ஆகஸ்டில் லைட்டன் என்ற அமெரிக்க நிறுவனம் ஆலையை வாங்க ஒப்புக்கொண்டது.

இனி சொல்லப்போவதைத்தான் நீங்கள் ஊன்றிப் படிக்க வேண்டும். ஒரே நாளில், ஒரே வரிசையில் நின்று வேலை இழந்த மூன்று பேரை எனக்குத் தெரியும். ஒருவர் அந்த ஊர்க்காரர். பக்கத்திலேயே போலிடன் நிறுவனத்தின் சுரங்கங்களும் உருக்காலையும் கிட்டத்தட்ட நூறு வருடமாக இருக்கின்றன; மாமா ஒருவர் அங்கே இருந்தார், கோடைக்குள் வேலை கிடைத்தது. இன்னொருவர் போலந்துக்காரர். ஐரோப்பிய ஒன்றியக் குடிமகன் என்பதால் அவர் நிதானமாகத் தேடினார், கடைசியில் தெற்கே போனார். மூன்றாமவர் நம் ஆள், திருச்சிப் பக்கம். அவருடைய வேலை அனுமதி நிறுவனத்தோடு கட்டப்பட்டது. அப்போதைய விதிப்படி புது வேலை கண்டுபிடித்து, புது அனுமதிக்கு விண்ணப்பிக்க மூன்றே மாதம். சம்பள வரம்பு வேறு: 2023 நவம்பருக்கு முன் மாதம் 13,000 குரோனர் இருந்தால் போதும், அதன் பிறகு நாட்டின் நடுத்தரச் சம்பளத்தில் 80 சதவீதம் வேண்டும் என்று மாற்றினார்கள், அது அப்போதே 27,360 குரோனர். பேருந்து ஓட்டவோ கடையில் நிற்கவோ அவர் தயாராக இருந்தார், ஆனால் அந்தச் சம்பளம் வரம்பை எட்டவில்லை. இதற்கிடையே ஆள் பற்றாக்குறை என்று அதே ஊரின் முதியோர் இல்லங்கள் விளம்பரம் கொடுத்துக்கொண்டிருந்தன. கடைசியில் குடும்பத்தோடு கிளம்பினார்கள். அவர்கள் வீட்டு சோபாவை என் காரில்தான் வேறொருவர் வீட்டுக்குக் கொண்டுபோய்க் கொடுத்தேன். அவர்கள் மகள் ஸ்வீடிஷ் மொழியில் என்னிடம் கேட்டாள், பள்ளி மீண்டும் திறக்கும்போது தன் இடம் காலியாக இருக்குமா என்று. அதை நினைத்தால் இன்றும் எனக்குத் தாங்கவில்லை.

திட்டம் தோற்றால் கொம்யூனுக்குக் கடனும் காலி வீடுகளும், உள்ளூர்க்காரருக்குக் கொஞ்ச நாள் சிரமம், வெளியிலிருந்து அனுமதியில் வந்தவருக்கு மட்டும் வாழ்க்கையே பெயர்ந்துவிடுகிறது. பருவநிலைக்காக உலகம் முழுவதும் செய்யும் ஒரு வேலையின் ஆபத்தை மிக பலவீனமான தோள்களில் ஏற்றி வைத்திருக்கிறார்கள். இது தவறு என்று இங்கே கிடைக்கும் ஒவ்வொரு மேடையிலும் நான் சொல்லிக்கொண்டுதான் இருக்கிறேன்.

இப்படி நடப்பது முதல் தடவையும் இல்லை. 1974-ல் லூலியோவில் ஸ்டோல்வெர்க் 80 என்று மாபெரும் எஃகு ஆலைக்கு நாடாளுமன்றம் ஒப்புதல் கொடுத்தது. ஆட்கள் குடிவந்தார்கள். 1976-ல் கைவிட்டார்கள். லூலே ஆற்றில் அணை கட்ட எழுப்பிய மெஸ்ஸவுரே என்ற ஊரில் பள்ளி, கடை, சினிமா எல்லாம் இருந்தன. வேலை முடிந்ததும் வீடுகளைப் பெயர்த்துக்கொண்டு போய்விட்டார்கள். ஒரு கோடையில் போய்ப் பார்த்தேன். காட்டுக்குள் தெருக்கள் மட்டும் இருக்கின்றன. பூடனில் நிலக்கரிக்குப் பதில் ஹைட்ரஜனை வைத்து எஃகு செய்ய ஆலை கட்டிவரும் ஸ்டெக்ரா நிறுவனம் 2025-ன் பிற்பகுதியில் கூடுதல் பணம் திரட்டத் திணறியது. அங்கே கட்டுமான ஆட்கள் பலர் விமானத்தில் வந்து, இரண்டு வாரம் முகாமில் தங்கி வேலை செய்துவிட்டுத் திரும்புகிறவர்கள். அவர்கள் வரி அவரவர் ஊருக்குப் போகிறது, பூடனுக்குச் சத்தமும் லாரியும் மிஞ்சுகின்றன. இன்னும் வடக்கே கிருனாவில் இரும்புச் சுரங்கத்துக்காக ஊரையே நகர்த்துகிறார்கள். 672 டன் மரத் தேவாலயத்தை 2025 ஆகஸ்டில் ஐந்து கிலோமீட்டர் தூரம் வண்டியில் ஏற்றிக் கொண்டுபோனதை நீங்களும் பார்த்திருப்பீர்கள். துருவமான் மேய்க்கும் சாமி மக்களின் மேய்ச்சல் வழிகள் அறுபடுவதை அப்படி யாரும் நேரலையில் காட்டவில்லை.

பிறகு ஏன் வாருங்கள் என்கிறேன்? நிலைத்த ஊர்களும் இங்கே உண்டு. ஊமியோவைப் பாருங்கள். 1965-ல் பல்கலைக்கழகம் வந்தது, பெரிய மருத்துவமனை இருக்கிறது. இன்று 1,30,000 பேருக்கு மேல். அங்கே யாரும் ஒரே முதலாளியை நம்பி இல்லை. கணவனுக்கு ஆலையில் வேலை போனால் மனைவி மருத்துவமனையில் இருப்பாள். வடக்கிலிருந்து இளம்பெண்கள் கிளம்பிப் போவதுதான் இந்த ஊர்களின் நெடுநாள் வலி. ஆலைகள் ஆண்களைக் கொண்டுவருகின்றன, ஆனால் குடும்பம் தங்குவது இரண்டாவது வேலையால்தான். அதனால் உங்கள் மனைவியின் வேலையைப் பற்றித்தான் எனக்கு அதிகக் கவலை.

வீட்டிலிருந்தே பார்ப்பாள் என்று ஒரே வரியில் முடித்துவிட்டீர்கள். உங்கள் அனுமதியோடு வரும் துணைக்கு எந்த நிறுவனத்திலும் வேலை செய்ய உரிமை உண்டு, நல்லது. ஆனால் அவருடைய அனுமதி உங்களுடையதில் தொங்குகிறது. இந்திய நிறுவனத்துக்கே இங்கிருந்து வேலை பார்த்தால், இங்கே குடியிருப்பவர் என்ற முறையில் வரி இங்கே. அந்த நிறுவனம் ஸ்வீடனில் பதிவு செய்து சமூகப் பாதுகாப்புத் தொகை கட்ட ஒப்புக்கொள்ளுமா என்று முதலிலேயே கேட்கச் சொல்லுங்கள், பல நிறுவனங்கள் ஒப்புக்கொள்வதில்லை. ஸ்டாக்ஹோம் நிறுவனத்துக்கு இங்கிருந்து வேலை என்றால், கொரோனா காலத்தில் எளிதாக இருந்தது. இப்போது வாரத்தில் இரண்டு மூன்று நாள் வந்து உட்காரச் சொல்கிறார்கள். ஷெலெஃப்டியோவுக்கு இன்னும் பயணிகள் ரயில் கிடையாது. ஊமியோவையும் லூலியோவையும் இணைக்கும் நோர்பொத்னியா பாதை 270 கிலோமீட்டர், 2018-ல் வேலை தொடங்கியது, ஊமியோவிலிருந்து உங்கள் ஊர் வரை வரவே 2030-களாகிவிடும். அது வந்துவிட்டால் மூன்று ஊர்களும் ஒரே வேலைச் சந்தையாகிவிடும். எந்தத் தொழிற்சாலையை விடவும் அந்தத் தண்டவாளத்தைத்தான் நான் ஆவலோடு எதிர்பார்க்கிறேன்.

அதுவரை, உங்கள் மனைவி கொம்யூன், மருத்துவமனை நிர்வாகம், மின்நிறுவனங்கள் போன்ற இடங்களில் கணினி வேலை தேடட்டும். அதற்கு ஸ்வீடிஷ் மொழி வேண்டும். புதிதாக வந்தவர்களுக்கான எஸ்.எஃப்.ஐ வகுப்பு இலவசம். ஆங்கிலமே போதும் என்று ஆலைக்குள் இருந்தவர்கள்தான் 2025-ல் முதலில் தவித்தார்கள்.

மற்றவை சுருக்கமாக. வேலையில்லாக் கால நிதிக்கு ஆ-காஸா என்று பெயர், வேலை தொடங்கிய முதல் மாதமே இருவரும் சேர்ந்துவிடுங்கள்; 12 மாதம் உறுப்பினராக இருந்தால்தான் முழு விகிதத்தில் தொகை கிடைக்கும். தொழிற்சங்கத்திலும் சேருங்கள், இங்கே அது எல்லோரும் செய்வது. வருமான வரி வடக்கு கொம்யூன்களில் 34 சதவீதத்தை ஒட்டி இருக்கும், ஸ்டாக்ஹோமில் அதைவிடக் குறைவு. பாலர் பள்ளிக் கட்டணத்துக்கு உச்சவரம்பு உண்டு, மகளைப் பற்றிக் கவலை வேண்டாம், ஆறு மாதத்தில் உங்கள் ஸ்வீடிஷைத் திருத்துவாள். டிசம்பரில் வெயில் நாலைந்து மணி நேரம்கூட இருக்காது, ஜூனில் இரவே கிடையாது. குளிர்கால டயர், கார் எஞ்சினைச் சூடாக்கும் மின்கம்பம், வைட்டமின் டி, இவை பழகிவிடும். முதல் இரண்டு வருடம் வீடு வாங்காதீர்கள். கொம்யூன் வாடகை வீட்டு வரிசையில் சீக்கிரமே பெயர் போடுங்கள், இந்தியாவிலிருந்தே போட முடிகிறதா என்று பாருங்கள்.

ஒப்பந்தத்தில் கையெழுத்திடும் முன் நிறுவனத்திடம் இவற்றைக் கேளுங்கள்: சம்பளம் தர அடுத்த 18 மாதத்துக்குப் பணம் எங்கிருந்து வருகிறது, வாங்க ஒப்புக்கொண்ட வாடிக்கையாளர் யார், திரும்பிப் போக நேர்ந்தால் பயணச் செலவு யாருடையது. கோபித்துக்கொள்ள மாட்டார்கள், இங்கே நேராகக் கேட்பதை மதிப்பார்கள். அனுமதி விதிகள் அடிக்கடி மாறுவதால், அனுமதி வழங்கும் குடியேற்ற அலுவலகமான மிக்ரஹூன்ஸ்வெர்கெட்டின் இணையதளத்தில் அன்றைய தேதிக்கு என்ன இருக்கிறதோ அதை மட்டும் நம்புங்கள், என்னையும் சேர்த்து யார் சொல்வதையும் வேண்டாம்.

அப்புறம், நிறுவனம் உங்களுக்கு அனுப்பிய கடிதத்தில் உங்கள் பதவியின் பெயர் என்ன எழுதியிருக்கிறது? "பேட்டரி செல்" என்று இருக்கிறதா, "பராமரிப்புப் பொறியாளர்" என்று இருக்கிறதா? இரண்டாவது என்றால் போலிடன், எஃகு ஆலை, மின்நிலையம் என்று பல கதவுகளைத் தட்டலாம். அதைப் பார்த்துச் சொல்லுங்கள் தம்பி, மீதியை அப்புறம் பேசுவோம்.